கார் டயர்களை இடம் மாற்றுவது எப்படி: ஒரு ஜாக்கியையும் ஒரு ஸ்பேர் டயரையும் கொண்டு

சிங்கப்பூரில் ஓடும் சிறிய, நடுத்தரக் கார்களில் பெரும்பாலானவற்றில் முன்சக்கரங்கள்தாம் வண்டியை இழுக்கின்றன. இழுப்பது, திருப்புவது, பிரேக் பிடிக்கும்போது பாரத்தின் பெரும்பகுதியைத் தாங்குவது என மூன்று வேலையும் முன் டயர்களின் தலையில் விழுகிறது. போதாததற்கு நம் அடுக்குமாடிக் கார் நிறுத்துமிடங்கள் வேறு. சுற்றிச் சுற்றி ஏறும் சரிவுகளிலும், குறுகிய கட்டத்துக்குள் வண்டியை நுழைக்க நின்ற இடத்திலேயே ஸ்டியரிங்கை முழுவதும் ஒடிக்கும்போதும், முன் டயரின் ஓரங்கள் தரையோடு உரசித் தேய்கின்றன. பின் டயர்களுக்கு அந்த அளவு பாடு இல்லை.

அதனால்தான் 8,000 முதல் 10,000 கிலோமீட்டருக்கு ஒருமுறை டயர்களை இடம் மாற்றச் சொல்கிறார்கள். ஆண்டுக்கு 15,000 கிலோமீட்டர் ஓட்டுபவருக்கு இது ஆறு முதல் எட்டு மாதத்துக்கு ஒருமுறை வரும். விடுமுறைதோறும் மலேசியாவின் வடக்கு தெற்கு நெடுஞ்சாலையில் பினாங்கு வரை போய் வருபவருக்கு இன்னும் சீக்கிரம் வரும். எடை அதிகமுள்ள மின்சாரக் கார்களில் தேய்மானம் வேகமாக இருக்கும். வண்டியின் கையேட்டில் உள்ள இடைவெளியைக் கண்டிப்பாகப் பின்பற்றுங்கள்.

இதைத் தள்ளிப்போடக் கூடாது என்று நான் வற்புறுத்துவதற்குக் காரணம் நம் ஊர் மழை. முன் டயர்கள் வழுவழுவென்று ஆனபிறகு அவற்றைப் பின்னால் தள்ளிவிட்டால், ஈரச் சாலையில் வளைவு எடுக்கும்போது வண்டியின் பின்பகுதி பிடி இழந்து சுழல வாய்ப்பு உண்டு. முன்பகுதி வழுக்கினால் ஸ்டியரிங்கிலேயே தெரியும், வேகத்தைக் குறைத்துச் சமாளிக்கலாம். பின்பகுதி வழுக்கினால் தேர்ந்த ஓட்டுநரே திணறிப்போவார். முன் டயருக்கும் பின் டயருக்கும் பள்ளத்தின் ஆழத்தில் வித்தியாசம் ஒரு மில்லிமீட்டர் அளவில் இருக்கும்போதே மாற்றிவிட்டால் இந்தச் சிக்கல் எழவே எழாது. வித்தியாசம் 3 மில்லிமீட்டரை எட்டிவிட்டதா? மாற்ற வேண்டாம். நல்ல டயர்கள் பின்னாலேயே இருக்கட்டும். முன்னால் புது ஜோடி வாங்குவதைப் பற்றி டயர் கடையில் பேசுங்கள்.

முதலில் அளந்து பாருங்கள்

டயர் பள்ளத்தின் ஆழத்தை அளக்கும் சிறு அளவுகோல் சில வெள்ளிக்குக் கிடைக்கும். ஒவ்வொரு டயரிலும் உள் ஓரம், நடு, வெளி ஓரம் என மூன்று இடங்களில் அளந்து குறித்துக்கொள்ளுங்கள். புது டயரில் ஏறக்குறைய 8 மில்லிமீட்டர் இருக்கும். சட்டப்படி 1.6 மில்லிமீட்டருக்குக் கீழே போகக் கூடாது. பள்ளங்களுக்குள் குறுக்காக இருக்கும் சிறு மேடுகள் அந்த 1.6 மில்லிமீட்டரைக் காட்டத்தான். மேட்டின் மட்டத்துக்கு டயர் தேய்ந்துவிட்டால் அதன் ஆயுள் முடிந்தது.

அளந்த எண்களைப் படிப்பதுதான் இந்த வேலையிலேயே முக்கியமான பகுதி. இரண்டு ஓரமும் தேய்ந்து நடு மட்டும் உயர்ந்திருந்தால் காற்று குறைவாக ஓடியிருக்கிறது; நடு தேய்ந்திருந்தால் காற்று அதிகம். ஒரு பக்க ஓரம் மட்டும் தேய்ந்திருந்தால் வீல் அலைன்மெண்ட் (சக்கரங்கள் நிற்கும் கோணம்) சரியில்லை. உள்ளங்கையை டயரின் குறுக்கே ஒரு திசையிலும் பிறகு எதிர்த் திசையிலும் மெல்லத் தடவிப் பாருங்கள். ஒரு திசையில் மழமழப்பாகவும் மறுதிசையில் ரம்பப் பல் போலவும் நெருடினால் அதுவும் அலைன்மெண்ட் கோளாறுதான். இந்தக் கோளாறுகளை டயர் மாற்றம் தீர்க்காது. அலைன்மெண்டைச் சரிசெய்யாமல் மாற்றினால், பழைய டயரைத் தின்ற மூலை புதிதாக வந்த டயரையும் தின்னும்.

எது எங்கே போக வேண்டும்

முன்சக்கர இழுவைக் காரில் முன் டயர்கள் அதே பக்கத்தில் நேராகப் பின்னால் போகும். பின் டயர்கள் பக்கம் மாறி முன்னால் வரும்: பின் இடது முன் வலதுக்கு, பின் வலது முன் இடதுக்கு. டொயோட்டா ஹையேஸ் போன்ற பின்சக்கர இழுவை வேன்களிலும், நான்கு சக்கர இழுவை வண்டிகளிலும் இது தலைகீழ்: பின் டயர்கள் நேராக முன்னால் வரும், முன் டயர்கள் பக்கம் மாறிப் பின்னால் போகும்.

டயரின் பக்கவாட்டில் அம்புக்குறி இருந்தால் அது ஒரே திசையில் சுழல வேண்டிய டயர். அதைப் பக்கம் மாற்றக் கூடாது. முன்னும் பின்னும் மட்டும் மாற்றலாம். 205/55 ஆர் 16 என்பது போன்ற அளவு எண்ணையும் நான்கு டயரிலும் பாருங்கள். சில விளையாட்டுக் கார்களில் முன் அளவும் பின் அளவும் வேறாக இருக்கும். அவற்றில் முன்னும் பின்னும் மாற்றவே முடியாது. பின்னால் இரட்டைச் சக்கரம் உள்ள லாரிகளைப் பட்டறையில் விட்டுவிடுங்கள், வீட்டு ஜாக்கிக்கு அது வேலை அல்ல.

எங்கே செய்வது

வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) கார் நிறுத்துமிடத்தில் வண்டி பழுதுபார்க்கும் வேலைகளுக்கு அனுமதி இல்லை. தரைவீட்டில் இருக்கும் அண்ணனோ மாமாவோ முற்றத்தை ஒரு காலைப்பொழுது தந்தால் நல்லது. தரை சமமாகவும் கெட்டியாகவும் இருக்க வேண்டும். வெயிலில் இளகிய தார் மீது ஜாக்கி அமிழும், அடியில் தடித்த பலகை ஒன்றைப் போடுங்கள். இடமே கிடைக்காவிட்டால் சின் மிங், காக்கி புக்கிட், ஊபி வட்டாரப் பட்டறைகள் இருக்கின்றன. அங்கே போனாலும் எந்த டயர் எங்கே போகிறது என்று நின்று பாருங்கள்.

தேவையானவை: ஜாக்கி, தூக்கிய வண்டியைத் தாங்கி நிற்கும் ஜாக்கி ஸ்டாண்டு ஒன்று, சக்கரத்துக்கு அடைகொடுக்கும் கட்டைகள், நட்டு கழற்றும் ஸ்பேனர், டார்க் ரெஞ்ச் (குறித்த அளவுக்கு நட்டு இறுகியதும் காட்டிக்கொடுக்கும் ஸ்பேனர்), கம்பி பிரஷ், சாக்குக்கட்டி, வண்டியின் ஸ்பேர் டயர். ஸ்பேர் இல்லாமல் பஞ்சர் ஒட்டும் கருவிப்பெட்டி மட்டும் தரும் புதுக் கார்களில் நான்கு ஸ்டாண்டுகள் வேண்டியிருக்கும். முதல்முறை செய்பவருக்கு அது வேண்டாம்.

ஐந்து தடவை தூக்கி இறக்கும் முறை

ஒரு நேரத்தில் ஒரே ஒரு சக்கரம்தான் தரையை விட்டு எழும்பும் என்பதால், தொடக்கநிலையாளருக்கு நான் பரிந்துரைக்கும் முறை இது. முன்சக்கர இழுவைக் காருக்கான வரிசையைத் தருகிறேன். தொடங்குமுன் ஒவ்வொரு டயரின் மீதும் அது போக வேண்டிய இடத்தைச் சாக்குக்கட்டியால் எழுதிவிடுங்கள்.

1. பின் இடது டயரைக் கழற்றி அங்கே ஸ்பேரை மாட்டுங்கள். மெலிந்த தற்காலிக ஸ்பேர் சில கார்களில் முன்பக்கம் பொருந்தாது, அதனால்தான் பின்னால் தொடங்குகிறோம்.
2. முன் வலதைக் கழற்றி, கையில் இருக்கும் பின் இடது டயரை அங்கே மாட்டுங்கள்.
3. பின் வலதைக் கழற்றி, பழைய முன் வலதை மாட்டுங்கள்.
4. முன் இடதைக் கழற்றி, பழைய பின் வலதை மாட்டுங்கள்.
5. ஸ்பேரைக் கழற்றி, பழைய முன் இடதை மாட்டுங்கள்.

ஒவ்வொரு தடவையும் செய்ய வேண்டியது ஒன்றேதான். கைபிரேக்கைப் போட்டு, கியரைப் பார்க்கிங்கில் வைத்து, தூக்கும் சக்கரத்துக்கு மூலைவிட்டத்தில் எதிரே உள்ள சக்கரத்தின் இருபுறமும் கட்டை வையுங்கள். பார்க்கிங் கியரை மட்டும் நம்பாதீர்கள்: முன்சக்கரம் ஒன்று அந்தரத்தில் இருந்தால் அந்த கியர் வண்டியைப் பிடித்து நிறுத்தாது. சக்கரம் தரையில் இருக்கும்போதே நட்டுகளை அரைச்சுற்று தளர்த்துங்கள். கையேட்டில் காட்டிய இடத்தில் ஜாக்கியை வைத்துத் தூக்கி, பக்கத்தில் வலுவான இடத்தில் ஸ்டாண்டை நிறுத்துங்கள். எந்த நிலையிலும் வண்டிக்கு அடியில் உடலை நுழைக்காதீர்கள்.

டயரைக் கழற்றியதும், சக்கரம் பொருந்தும் உலோகப் பரப்பில் உள்ள துருவையும் மண்ணையும் கம்பி பிரஷ்ஷால் தேய்த்து எடுங்கள். அங்கே ஒரு துணுக்கு இருந்தாலும் சக்கரம் சரியாகப் படியாது. மரைக்கு எண்ணெய் போடாதீர்கள், போட்டால் அளவுக்கு மேல் இறுகும். நட்டுகளைக் கையாலேயே பல சுற்று திருகி ஏற்றுங்கள். முதல் சுற்றிலேயே முரண்டு பிடித்தால் மரை கோணலாக ஏறுகிறது. பின்னால் திருப்பி மறுபடி தொடங்குங்கள். வண்டியை இறக்கியபின் டார்க் ரெஞ்சால் ஒன்றுவிட்டு ஒன்று, நட்சத்திர வடிவில் இறுக்குங்கள். பல கார்களுக்கு இது 100 முதல் 120 நியூட்டன் மீட்டர் வரை; உங்கள் காருக்கான எண் கையேட்டில் இருக்கும். ரெஞ்ச் 'டக்' என்றதும் நிறுத்திவிடுங்கள். இன்னொரு அழுத்து தேவையில்லை.

முடித்த பிறகு

முன் பின் காற்றழுத்தம் பல கார்களில் வேறு வேறு. ஓட்டுநர் கதவை ஒட்டிய தூணில் உள்ள ஸ்டிக்கரைப் பார்த்து, அருகிலுள்ள பெட்ரோல் நிலையத்தில் புது இடத்துக்கு ஏற்பக் காற்றைச் சரிசெய்யுங்கள். டயர் சூடாகுமுன் அளந்தால்தான் கணக்கு சரியாக வரும். காற்றழுத்த எச்சரிக்கை வசதி உள்ள கார்களில் அதை மீட்டமைக்க வேண்டும். அது எந்தப் பொத்தான், எந்தப் பட்டியல் என்பது வண்டிக்கு வண்டி மாறும்.

80 கிலோமீட்டர் ஓடியபின் எல்லா நட்டுகளையும் டார்க் ரெஞ்சால் மறுபடி ஒருமுறை சோதியுங்கள். அதற்குள் ஸ்டியரிங்கில் புதிதாக நடுக்கம் தெரிந்தால் உடனே ஓரமாக நிறுத்தி நட்டுகளைப் பாருங்கள். அவை இறுக்கமாக இருந்தும் 80, 90 கிலோமீட்டர் வேகத்தில் மட்டும் நடுக்கம் வருகிறதென்றால் வீல் பேலன்ஸிங் (சக்கரத்தின் எடையைச் சுற்றிலும் சமன்செய்வது) தேவை. பின்னால் இருந்தவரை வெளியே தெரியாத சமநிலைக் குறை, முன்னால் வந்ததும் உங்கள் கைக்குத் தெரிகிறது.