ஒன்பதாம் வளைவில் இறங்காதவர்கள்: உயர அச்சத்தில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

ஆழியாறு அணையைத் தாண்டி வால்பாறைக்கு ஏறும் மலைப்பாதையில் 40 கொண்டை ஊசி வளைவுகள் இருக்கின்றன. எத்தனையாவது வளைவு என்று எண் எழுதிய பலகையும் அங்கங்கே நிற்கும். ஒன்பதாவது வளைவில் உள்ள லோம்ஸ் காட்சிமுனையில் வண்டியை ஓரங்கட்டிவிட்டு எல்லோரும் அணையைப் பார்க்க இறங்கும்போது, “நீங்க போய்ட்டு வாங்க, எனக்குத் தலவலியா இருக்குதுங்க” என்று சொல்லி உள்ளேயே உட்கார்ந்திருக்கும் ஒருவர் பல குடும்பங்களில் உண்டு. எங்கள் குடும்பத்தில் அவர் நான்தான். அந்தப் பொய்த் தலைவலியைப் பல ஆண்டுகள் சொல்லிவந்தவன் என்ற முறையில், உயரம் கண்டு அஞ்சுவோரும் அவர்களுடன் இருப்போரும் செய்யும் தவறுகளை எழுதுகிறேன்.

முதலில் ஒரு குழப்பத்தைத் தீர்த்துக்கொள்ள வேண்டும். நம் பக்கத்தில் எதற்கும் “கிறுகிறுன்னு வருது” என்று ஒரே சொல்லைச் சொல்லிவிடுகிறோம். படுக்கையில் புரண்டு படுத்தாலோ, பரண்மேல் இருக்கும் பாத்திரத்தை அண்ணாந்து பார்த்தாலோ அறையே சுழல்வதுபோல் இருந்தால் அது உயர அச்சம் அன்று. பெரும்பாலும் உட்காதில் உள்ள நுண்ணிய சுண்ணாம்புத் துகள்கள் இடம் பெயர்ந்ததால் வரும் தலைசுற்றல். காது மூக்கு தொண்டை மருத்துவர் தலையைச் சில கோணங்களில் திருப்பியே அதைப் பெரும்பாலும் சரிசெய்துவிடுவார். சமதரையில் ஒன்றும் இல்லாமல், விளிம்பை நெருங்கினால் மட்டும் நெஞ்சு படபடத்து, உள்ளங்கை வியர்த்து, முழங்கால் தளர்ந்தால்தான் அது அச்சம். அப்போது மயங்கி விழுந்துவிடுவோம் என்று பலர் நம்புகிறார்கள். உண்மையில் இந்த அச்சத்தில் இதயத் துடிப்பும் இரத்த அழுத்தமும் கூடுகின்றன. மயக்கமோ அழுத்தம் குறைவதால் வருவது. இரத்தத்தையோ ஊசியையோ கண்டு மயங்குவோர் உண்டு. உயரத்துக்கு அஞ்சி மயங்குவது அரிது.

அச்சம் இருப்பதே ஒரு குறை என்று வெட்கப்படுவதும் தேவையற்றது. 1960ஆம் ஆண்டு உளவியலாளர்கள் எலினார் கிப்சனும் ரிச்சர்டு வாக்கும் வெளியிட்ட ஆய்வில், தவழும் குழந்தைகளைக் கண்ணாடி பரப்பிய மேசைமேல் விட்டு, ஒரு பாதியில் மட்டும் அடியில் பள்ளம் தெரியும்படி அமைத்திருந்தார்கள். மறுபக்கம் நின்று தாய் அழைத்தும், பெரும்பாலான குழந்தைகள் பள்ளம் தெரிந்த பக்கம் வரவில்லை. பள்ளத்தைக் கண்டு தயங்குவது எல்லோருக்கும் உள்ள தற்காப்பு. நமக்கு அது அளவு மீறிவிட்டது, அவ்வளவுதான்.

அளவு மீறுவதற்குப் பெரிய காரணம் ஒதுங்கிப்போவது. ஓர் இடத்துக்குப் போகாமல் திரும்பும் கணத்தில் உடல் முழுக்க ஒரு நிம்மதி பரவும். அந்த நிம்மதிதான் அச்சத்துக்குத் தீனி. “திரும்பியதால்தான் பிழைத்தாய்” என்று அது மனத்துக்குக் கற்றுக்கொடுத்துவிடுகிறது. எனக்கு முதலில் வால்பாறையும் கொல்லிமலையும்தான் ஆகாதிருந்தன. சில ஆண்டுகளில் திம்பம் வழியாக மைசூர் போவதையும் விட்டேன். பிறகு காந்திபுரம் மேம்பாலத்துக்கு அடியிலேயே வண்டியை ஓட்டினேன். ஜவுளிக்கடையின் கண்ணாடி லிஃப்டைத் தவிர்த்துப் படியைத் தேடினேன். கடைசியில் எங்கள் வீட்டு மொட்டை மாடியில் துணி காயப்போடும் கம்பி கைப்பிடிச் சுவரோரம் இருக்கிறது என்பதற்காக அதைக் கழற்றி நடுவில் கட்டச் சொன்னேன். கம்பியை மாற்றிக் கட்ட வந்தவர் காரணம் கேட்டபோது, வெயில் இங்கேதான் நன்றாக விழுகிறது என்றேன். ஒதுங்கிப்போகிறவருக்கு ஊர் இப்படித்தான் மெல்ல மெல்லச் சுருங்கும்.

இதற்கு நேரெதிரான தவறு, பிடித்துத் தள்ளுவது. இதை அன்பால் செய்கிறார்கள் என்பதுதான் சங்கடம். எனக்குப் பன்னிரண்டு வயதிருக்கும்போது சென்னிமலையின் 1320 படிகளையும் சிரமமில்லாமல் ஏறிவிட்டேன். ஏறும்போது கண் படியைத்தான் பார்க்கும். இறங்கும்போதுதான் பள்ளம் கண்ணுக்கு வரும், நான் ஒரு மண்டபத்துத் தூணைக் கட்டிக்கொண்டு நின்றுவிட்டேன். “ஆம்பளப் பையன் இதுக்கெல்லாம் பயப்படலாமா மாப்ள?” என்று தாய்மாமன் என்னைத் தூணிலிருந்து பிரித்து, ஓரத்துக்குக் கொண்டுபோய், ஊரைப் பார்க்கும்படி முகத்தைத் திருப்பிப் பிடித்தார். “வேண்டாங்க மாமா” என்று நான் சொன்னது அவருக்கு விளையாட்டாகத் தெரிந்தது. கீழே ஊர் எப்படி இருந்தது என்பது இன்றும் எனக்கு நினைவில்லை. தாடையில் அழுந்திய அவருடைய மோதிரம் மட்டும் நினைவிருக்கிறது. அஞ்சுகிறவரின் சம்மதமில்லாமல் விளிம்புக்கு இழுத்துப்போனால் அவர் உயரத்தைப் பழகுவதில்லை. உயரத்தோடு சேர்த்து உங்களையும் நம்பாமல் இருக்கப் பழகுகிறார். கேலி செய்து காணொளி எடுப்பதும் இதில் சேர்த்திதான்.

இவ்விரண்டுக்கும் நடுவில் உள்ள வழி, படிப்படியாகப் பழகுவது. தென்னாப்பிரிக்க மருத்துவர் ஜோசப் வோல்பி 1950களில் வகுத்த முறையை ஒட்டி, அஞ்சும் இடங்களுக்கு 0 முதல் 100 வரை மதிப்பெண் போட்டுக் குறைவானதிலிருந்து தொடங்க வேண்டும். என் பட்டியலில் இரண்டாம் மாடி சன்னலோரம் நிற்பது 25, மொட்டை மாடிக் கைப்பிடிச் சுவரைத் தொட்டு நிற்பது 40. பழனியில் தண்டவாளத்தில் தரையோடு ஏறும் விஞ்ச் 50. அந்தரத்தில் தொங்கிப்போகும் ரோப் கார் 85. ஒரே மலைக்குப் போகும் இரண்டு ஊர்திகளுக்கு நடுவே இவ்வளவு இடைவெளி இருப்பது, இப்படி எழுதிப் பார்க்கும்வரை எனக்கே தெரியாது. பலர் ஒரு நல்ல நாளில் உற்சாகம் வந்து 25இலிருந்து 85க்குத் தாவுகிறார்கள். அல்லது சரியான படியில் ஏறி, படபடப்பு உச்சத்தில் இருக்கும்போதே இறங்கிவிடுகிறார்கள். இந்த இரண்டாவது தவறும் அச்சத்துக்குத் தீனிதான். மனம் “விழப்போகிறாய்” என்று எச்சரித்தது நடக்கவில்லை என்பதை உடல் கண்டுகொள்ளும்வரை அங்கேயே நிற்க வேண்டும்; அதற்கு இருபது நிமிடமும் ஆகலாம், முக்கால் மணி நேரமும் ஆகலாம். பிறகு அதே இடத்துக்கு அதே வாரத்தில் மறுபடியும் போக வேண்டும்.

நிற்கும்போது ஊன்றுகோல்களைக் கவனியுங்கள். கண்ணை மூடிக்கொள்வது, மனைவியின் புடவைத் தலைப்பைப் பிடித்துக்கொள்வது, அலைபேசியில் முகம் புதைப்பது எல்லாம் ஊன்றுகோல்களே. அவை இருக்கும்வரை “இதனால்தான் தப்பித்தேன்” என்று மனம் கணக்கு எழுதிக்கொள்ளும். முதல் சில முறை இருக்கட்டும், பிறகு ஒவ்வொன்றாக விட வேண்டும். மது மட்டும் முதல் முறைக்கும் ஆகாது. அது அச்சத்தை மழுக்கும் அளவுக்கு உடலின் சமநிலையையும் குலைக்கும். விளிம்பில் நமக்கு வேண்டியது அந்தச் சமநிலைதான்.

கால் ஆடுவதுபோல் தோன்றுவது வெறும் பிரமை அன்று. நிற்கும்போது உடல் எப்போதும் இலேசாக அசைந்துகொண்டே இருக்கிறது. அருகில் உள்ள பொருள்கள் இடம் மாறுவதை வைத்துக் கண் அந்த அசைவைத் திருத்துகிறது. உயரத்தில் எதிரே தெரியும் எல்லாமே தொலைவில் இருப்பதால் கண்ணுக்கு அந்தப் பிடி கிடைப்பதில்லை, அசைவு கூடுகிறது. எனவே பள்ளத்தையே வெறித்துப் பார்ப்பதும், கோபுரத்துக்குப் பின்னால் நகரும் மேகத்தையோ கீழே ஓடும் வண்டிகளையோ கண்ணால் தொடர்வதும் தவறு. பக்கத்தில் உள்ள சுவரோ கம்பியோ பார்வையின் ஓரத்தில் இருக்கும்படி நில்லுங்கள், வேண்டுமானால் உட்காருங்கள். வேகவேகமாக மூச்சு வாங்கினால் இரத்தத்தில் கரியமிலவாயு குறைந்து விரல் நுனி மரத்து, தலை இலேசாகும். அதை அச்சத்தின் அடுத்த கட்டம் என்று எண்ணிவிடுகிறோம். மூச்சை மெதுவாக வெளியே விட்டாலே அது அடங்கும்.

எல்லா அச்சத்தையும் வெல்ல வேண்டியதில்லை. தடுப்புச் சுவர் இல்லாத தோட்டத்துக் கிணற்று மேட்டிலும், கால் வைத்தால் உடையும் கல்நார் கூரைமீதும் தயங்குவது அறிவு. அவை பயிற்சிக்கான இடங்கள் அல்ல. மலைப்பாதையில் வண்டி ஓட்டிக்கொண்டே பழகலாம் என்பதும் கூடாது, ஓட்டுகிறவர் வேறொருவராக இருக்கட்டும்.

அச்சம் ஆறு மாதங்களுக்கு மேல் நீடித்து, வேலையையோ குடும்ப நிகழ்வுகளையோ கெடுத்தால், தனியே போராடாமல் மனநல மருத்துவரைப் பார்ப்பது நல்லது. கோவை அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் மனநலப் பிரிவு இருக்கிறது. 2022இல் தொடங்கப்பட்ட டெலி மானஸ் என்ற அரசு மனநல ஆலோசனைச் சேவையின் 14416 என்ற எண்ணில் தமிழிலேயே பேசலாம். “பைத்தியத்துக்குப் பாக்கற டாக்டருங்களா?” என்று வீட்டில் கேட்பார்கள். என்னிடமும் கேட்டார்கள்.

போன தை மாதம் ஒன்பதாம் வளைவில் இறங்கினேன். பட்டியலில் அதற்கு 70 போட்டிருந்தேன். சுவரிலிருந்து மூன்றடி தள்ளி, அரை மணி நேரம் நின்றேன். நான் தள்ளி நின்ற அந்தச் சுவரின்மேல் வரையாடு ஒன்று ஏறி, நான்கு குளம்பையும் ஒரு சாண் இடத்தில் சேர்த்து வைத்துக்கொண்டு, அணைப் பக்கம் முகத்தைத் திருப்பி அசைபோட்டுக்கொண்டிருந்தது.