நெடுங்கடல் கப்பல் பயணத்தில் வீட்டோடு தொடர்பில் இருப்பது எப்படி? முதன்முறை செல்வோருக்கான செய்முறை

திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து திருவனந்தபுரத்திலோ மதுரையிலோ விமானம் ஏறிச் சிங்கப்பூர் சென்று, அங்கிருந்து உல்லாசக் கப்பலில் இரண்டு மூன்று வாரங்கள் பயணம் செய்யும் ஆசை, ஓய்வு பெற்ற பலருக்கு இப்போது வந்திருக்கிறது. என் பெற்றோருடன் சிங்கப்பூரிலிருந்து ஃபுக்கெட், கொழும்பு, கொச்சி வழியாகத் துபாய் வரை நானும் அப்படிச் சென்று வந்தேன். துணிமணிக்கும் மாத்திரைகளுக்கும் கொடுத்த கவனத்தை நாங்கள் கைபேசிக்குக் கொடுக்கவில்லை. முதல் நாள் இரவு அப்பா கைபேசியை அணைக்காமல் தலைமாட்டில் வைத்துத் தூங்கிவிட்டார். அந்த ஓர் இரவுக்கான ரோமிங் கட்டணம் (வேறொரு நெட்வொர்க்கைப் பயன்படுத்துவதற்கான கட்டணம்) அவருடைய ஓய்வூதியத்தில் பெரும்பகுதியைக் கொண்டுபோனது. ஃபுக்கெட்டை விட்டுக் கொழும்பு சேரும் வரை எங்களிடமிருந்து பேச்சே இல்லாததால், பாளையங்கோட்டை வீட்டில் ஆச்சி இரண்டு இரவுகள் சரியாகச் சாப்பிடவில்லை. இந்த இரண்டும் வேறு எவருக்கும் நேரக்கூடாது என்பதற்காகவே, செய்ய வேண்டியவற்றை வரிசையாக எழுதுகிறேன்.

முதலில் புரிந்துகொள்ள வேண்டியது

உவரியிலும் மணப்பாட்டிலும் கடலுக்குப் போகிறவர்களைக் கேட்டால், கரையை விட்டுச் சிறிது தொலைவு சென்றதும் கைபேசியில் சிக்னல் நின்றுவிடும் என்று சொல்வார்கள். கரையிலுள்ள கோபுரங்கள் நிலத்தில் இருப்பவர்களுக்காக அமைக்கப்பட்டவை. நடுக்கடலில் கைபேசிக்கும் இணையத்துக்கும் இருக்கும் ஒரே வழி செயற்கைக்கோள்தான். அந்த ஒரே வழியைக் கப்பல் நம்மிடம் இரண்டு வடிவங்களில் விற்கிறது. ஒன்று, கப்பலுக்குள்ளேயே அமைந்த கைபேசிக் கோபுரம்; இதற்கு நம் கைபேசி நிறுவனத்தின் வழியாக, நிமிடத்துக்கும் மெகாபைட்டுக்கும் மிக அதிகமான ரோமிங் கட்டணம் விழும். மற்றொன்று, கப்பலின் வைஃபை. இதற்கு முன்கூட்டியே ஒரு தொகையைக் கட்டிவிடுகிறோம் என்பதால், பின்னால் எதிர்பாராத பில் வராது. அப்பாவின் கைபேசி, அவர் அறியாமலே முதலாவதைப் பிடித்து, அன்று எடுத்த படங்களையெல்லாம் தானாகவே மேலேற்றிக்கொண்டிருந்தது.

படி 1: புறப்படுவதற்கு இரண்டு வாரம் முன்பு

உங்கள் கைபேசி நிறுவனத்தை அழைத்து, ரோமிங் திட்டம் எந்தெந்த நாடுகளுக்குப் பொருந்தும் என்று கேட்பதோடு நிறுத்திவிடாமல், "கப்பலின் சொந்த நெட்வொர்க்கிலும் இது செல்லுமா?" என்று தனியாகக் கேளுங்கள். நாடுகளுக்கான திட்டம் கப்பல் நெட்வொர்க்குக்குப் பெரும்பாலும் பொருந்தாது. பெரிய பில்கள் வருவதற்கு இந்த ஒரு கேள்வியைக் கேட்காததே காரணம்.

கப்பல் நிறுவனத்தின் செயலியை வீட்டு வைஃபையிலேயே இறக்கிக்கொள்ளுங்கள். துறைமுக நகரங்களின் வரைபடங்களையும், பார்க்க விரும்பும் படங்களையும், கேட்க விரும்பும் பாடல்களையும் அவ்வாறே இறக்கி வையுங்கள். வாட்ஸ்அப்பைப் பொறுத்தவரை ஒரு எச்சரிக்கை உண்டு. அது வைஃபையில் உங்கள் பழைய எண்ணிலேயே வேலை செய்யும். ஆனால் செயலியை நீக்கி மீண்டும் நிறுவினாலோ, புதிய கைபேசிக்கு மாறினாலோ, சரிபார்ப்பு எண் குறுஞ்செய்தியாக வரும், அது நடுக்கடலில் உங்களுக்கு வந்து சேராது. ஆகவே பயணத்துக்கென்று புதுக் கைபேசி வாங்குவதானால், ஒரு மாதம் முன்பே வாங்கிப் பழகிவிடுங்கள்.

வங்கி ஓடிபிக்கும் இதே நிலைதான். மின்கட்டணம், காப்பீட்டுத் தவணை போன்றவற்றை முன்பே கட்டிவிடுங்கள். கப்பல் கொச்சியிலோ மும்பையிலோ நிற்கும் நாள் இருந்தால், மீதமுள்ள வங்கி வேலைகளை அன்றைக்கு வைத்துக்கொள்ளுங்கள். அன்று நம் சிம் பாளையங்கோட்டையில் இருப்பதைப் போலவே ரோமிங் இல்லாமல் வேலை செய்யும்.

படி 2: வீட்டில் உட்கார்ந்து பேசுவது

எல்லாப் படிகளிலும் இதையே நான் முதன்மையானதாகக் கருதுகிறேன், ஏனெனில் எந்தக் கருவியாலும் இதை ஈடுசெய்ய முடியாது. பயண அட்டவணையை எடுத்துக்கொண்டு, வீட்டுத் தினசரி காலண்டரில் கப்பல் கரையில் நிற்கும் நாள்களையும் கடலிலேயே இருக்கும் நாள்களையும் வெவ்வேறு நிறத்தில் குறித்துவிடுங்கள். கடல் நாள்களில் ஒரு குரல் பதிவு மட்டும் வரும், அது தாமதமாகவும் வரலாம், வராமலே போனாலும் அதற்குப் பொருள் ஆபத்து அல்ல என்பதைப் பெரியவர்களிடம் வாய்விட்டுச் சொல்லுங்கள். எங்களிடம் அட்டவணை இருந்தது, ஆச்சியிடம் இல்லை. கொழும்பிலிருந்து அழைத்தபோது, "ரெண்டு நாளா ஒரு சத்தமும் இல்லையே ஐயா" என்று அவர்கள் அழுததை நான் மறக்கவில்லை. தூத்துக்குடியிலிருந்து தோணியில் மாலத்தீவுக்குச் சரக்கேற்றிச் சென்றவர்களின் வீட்டார் வாரக்கணக்கில் செய்தியில்லாமல் காத்திருந்தார்கள் என்றால், எப்போது வரை காத்திருக்க வேண்டும் என்பது அவர்களுக்குத் தெரிந்திருந்ததுதான் காரணம்.

அதே காலண்டருக்குப் பக்கத்தில் ஒரு தாளை ஒட்டுங்கள். கப்பலின் பெயர், அறை எண், முன்பதிவு எண், கப்பல் நிறுவனத்தின் கரை அலுவலக அவசர எண் ஆகியவை அதில் இருக்கட்டும். வீட்டில் உண்மையிலேயே ஓர் அவசரம் நேர்ந்தால், உங்கள் கைபேசி அணைந்திருந்தாலும் அந்த எண் வழியாகச் செய்தியைக் கப்பலுக்குச் சேர்க்கச் சொல்லிக் கேட்கலாம். நேர வேறுபாட்டையும் எழுதுங்கள்: சிங்கப்பூர் நம்மைவிட இரண்டரை மணி நேரம் முன்னால், தாய்லாந்து ஒன்றரை மணி நேரம் முன்னால், இலங்கை நம் நேரமே, துபாய் ஒன்றரை மணி நேரம் பின்னால்.

படி 3: கப்பலில் ஏறியதும்

கப்பல் புறப்படுவதற்கு முன்பே ஃபிளைட் மோடைப் போடுங்கள். பிறகு, ஃபிளைட் மோடு இருக்கும்போதே வைஃபையை மட்டும் தனியாக இயக்குங்கள். இரண்டும் ஒரே நேரத்தில் இருக்கலாம் என்பது பல பெரியவர்களுக்குத் தெரிவதில்லை. ஒருமுறை செய்து காட்டினால் போதும். கைபேசிக் கடிகாரம் இந்த நிலையில் தானாக மாறாமல் போகலாம் என்பதால், கப்பலில் அறிவிக்கும் நேரத்துக்கு நீங்களே மாற்றிக்கொள்ள வேண்டும்.

படி 4: வைஃபை வாங்குவது

பல கப்பல் நிறுவனங்களில் ஏறுவதற்கு முன்பே வாங்கினால் விலை குறைவு. வாங்கும்போது மூன்று செய்திகளைக் கேளுங்கள்: எத்தனை கருவிகளுக்கு, அழைப்புகள் செய்யலாமா அல்லது செய்திகள் மட்டுமா, நாள் கணக்கா அல்லது முழுப் பயணத்துக்கா. கணவனும் மனைவியுமாகச் செல்பவர்களுக்கு ஒரு கருவிக்கான திட்டமே போதும் என்பது என் கருத்து; ஒரு கைபேசியில் வெளியேறி மற்றதில் நுழைந்துகொள்ளப் பெரும்பாலும் அனுமதி உண்டு.

கப்பல் எந்தச் செயற்கைக்கோளைப் பயன்படுத்துகிறது என்று தெரிந்தால், எதை எதிர்பார்க்கலாம் என்பதும் தெரிந்துவிடும். பழைய வகைச் செயற்கைக்கோள்கள் ஏறத்தாழ 36,000 கிலோமீட்டர் உயரத்தில் இருப்பவை. நாம் கேட்ட கேள்வி மேலே போய்க் கீழே வந்து, பதிலும் அதே வழியில் திரும்புவதற்கு அரை வினாடி ஆகிவிடுவதால், இருவரும் ஒருவர் பேச்சை ஒருவர் மறித்துக்கொண்டே இருப்பார்கள். ஸ்டார்லிங்க் எனும் புதிய வகைச் செயற்கைக்கோள்கள் ஏறத்தாழ 500 கிலோமீட்டர் உயரத்திலேயே சுற்றுவதால் அந்த இடைவெளி வெகுவாகக் குறைகிறது. ராயல் கரீபியன் என்ற கப்பல் நிறுவனம் 2022 முதல் தன் கப்பல்களில் இதைப் பொருத்தத் தொடங்கியது. பிற நிறுவனங்களும் தொடர்ந்தன.

படி 5: கடல் நாள்களில்

கப்பல் வைஃபையை நம் கைபேசி வீட்டு வைஃபை என்றே எண்ணிக்கொண்டு, செயலிகளைப் புதுப்பிக்கவும் படங்களைச் சேமிக்கவும் தொடங்கிவிடும். ஆண்ட்ராய்டில் அந்த வைஃபையின் அமைப்புக்குள் சென்று அதை அளவுள்ள இணைப்பு (Metered) என்று குறியுங்கள். ஐபோனில் குறைந்த டேட்டா முறையை (Low Data Mode) போடுங்கள். வாட்ஸ்அப்பில் படங்களும் வீடியோக்களும் தானாக இறங்குவதை நிறுத்துங்கள். குடும்பக் குழுவில் வரும் காலை வணக்கப் படங்களே இணைப்பில் பாதியைத் தின்றுவிடும்.

நேரடி அழைப்பைவிடக் குரல் பதிவே கடலுக்கு ஏற்றது, ஏனெனில் இணைப்பு அறுந்தாலும் அது காத்திருந்து போய்ச் சேரும். அதிகாலையில் மற்றவர்கள் எழும் முன் வேகம் நன்றாக இருக்கும். அறையிலுள்ள தொலைபேசியில் வெளியே அழைத்தால் நிமிடக் கட்டணம் உண்டு என்பதையும் நினைவில் வையுங்கள்.

படி 6: துறைமுகத்தில்

கப்பலை விட்டு இறங்கிய பின்னரே ஃபிளைட் மோடை எடுங்கள். எடுத்ததும் திரையில் தெரியும் பெயர் அந்த நாட்டு நெட்வொர்க்தானா என்று பாருங்கள். முன்பே வாங்கிய இ-சிம் (அட்டை இல்லாமல் கைபேசிக்குள்ளேயே பதியும் சிம்) இருந்தால் டேட்டாவை அதற்கு மாற்றி, நம் சிம்மில் டேட்டா ரோமிங்கை அணைத்துவிடுங்கள். துபாயில் உள்ளூர் நெட்வொர்க்கில் வாட்ஸ்அப் அழைப்பு செல்லாது, செய்தியும் குரல் பதிவும் செல்லும்; இதை வீட்டாருக்கு முன்பே சொல்லிவிடுங்கள். கப்பலுக்குத் திரும்பும் படியில் கால் வைக்கும்போதே ஃபிளைட் மோடு மீண்டும் வந்துவிட வேண்டும்.

சாட்டிலைட் போன் வாங்கிக்கொள்ளலாமே என்று சிலர் கேட்கிறார்கள். அரசின் அனுமதியில்லாமல் இந்தியாவுக்குள் அதை வைத்திருப்பது சட்டப்படி குற்றம். துறைமுகத்திலோ விமான நிலையத்திலோ பிடிபட்டால் வழக்காகும். தயவுசெய்து வேண்டாம். கடைசி நாளில் வைஃபை கணக்கிலிருந்து வெளியேறி, ரோமிங் திட்டத்தை நிறுத்தி, அடுத்த மாத பில்லை வரி வரியாகப் பாருங்கள்.