ஸ்ட்ரெஸ் என்று வந்தால் உடனே ‘அழுத்தம்’ போடாதீர்கள்

யாழ்ப்பாணத்தில் மொழிபெயர்ப்பு வேலைக்குப் புதிதாக வரும் பிள்ளைகளின் தாள்களைத் திருத்திக் கொடுக்கிறேன். தொடக்கத்தில் நான் விட்ட பிழைகளே திரும்பத் திரும்ப வருகின்றன. எழுத்துப்பிழை, சந்திப்பிழைகளை யாராவது பிடித்துவிடுவார்கள், அவற்றை விடுவோம். கீழே உள்ளவை ஸ்ட்ரெஸ் (stress), அதன் சோடியான ஸ்ட்ரெயின் (strain) என்ற ஆங்கிலச் சொற்களைத் தமிழாக்கும்போது வரும் பிழைகள்; யாருடைய கண்ணிலும் படாமல் அச்சுக்குப் போய்விடுபவை.

எல்லாவற்றுக்கும் ‘அழுத்தம்’

இதை நினைத்தால் எனக்கு இன்னும் மனம் ஆறுவதில்லை. வடமராட்சிப் பக்கம் முதியவர்களிடம் ஒரு நலக் கணக்கெடுப்பு நடந்தது. கடந்த ஒரு மாதத்தில் ஸ்ட்ரெஸ் இருந்ததா என்பது ஆங்கில வினாக்கொத்தில் ஒரு கேள்வி. தமிழில் ‘கடந்த ஒரு மாதத்தில் உங்களுக்கு அழுத்தம் இருந்ததா?’ என்று அச்சாகியிருந்தது.

நம் ஊர் முதியவர்களிடம் அழுத்தம் என்று கேட்டால் அவர்கள் நினைப்பில் வருவது பிரஷர்தான். ஒரு அம்மம்மா, “ஓம் பிள்ளை, காலமையும் இரவும் குளிசை போடுறன், இப்ப குறைஞ்சிருக்கு” என்றா. கேட்ட பிள்ளை ‘ஆம்’ என்ற கட்டத்தில் சரி போட்டாள். இன்னொரு வீட்டில் ஒரு ஐயா. மனைவி போனபின் தனிய இருக்கிறார், இரவில் நித்திரை இல்லை, சாப்பாட்டில் மனமில்லை. அவர் சொன்ன பதில்: “எனக்கு அது ஒண்டும் இல்லை, போன கிழமையும் கிளினிக்கிலை பார்த்தவை.” அவருக்கு ‘இல்லை’.

தாள்களைத் திரும்ப அச்சடித்தார்கள், அதே வீடுகளுக்குத் திரும்பப் போனார்கள். அந்தச் செலவும் அலைச்சலும் ஒரு பக்கம். அந்த ஐயாவின் ‘இல்லை’தான் எனக்குப் பொறுக்கவில்லை. யாரைத் தேடிக் கண்டுபிடிப்பதற்காகக் கணக்கெடுத்தார்களோ, அவரையே அந்த ஒரு சொல் பட்டியலுக்கு வெளியே தள்ளிவிட்டது.

சரி, என்ன எழுதலாம்? அறிக்கை என்றால் ‘மன நெருக்கீடு’ நல்ல சொல். இங்கே உளநல வேலை செய்பவர்களிடம் ஏற்கனவே புழங்குகிறது. வீட்டு வாசலில் நின்று கேட்கும் கேள்விக்கு அதுவும் கனம்தான். ‘கன யோசனையாய் இருக்கோ?’, ‘மனம் அந்தரப்படுகுதோ?’ என்று கேளுங்கள், வாய் திறந்து சொல்வார்கள். நம் பேச்சில் யோசனை என்றால் கவலையும் அதற்குள் அடக்கம்; ‘யோசிக்காதேங்கோ’ என்று நாம் ஆறுதல் சொல்வது அதனால்தானே. எழுதியபின், ஆங்கில மூலத்தைப் பார்க்காத ஒருவரிடம் தமிழைக் கொடுத்துத் திரும்ப ஆங்கிலமாக்கச் சொல்லுங்கள். அன்று அதைச் செய்திருந்தால் ‘பிளட் பிரஷர்’ என்று வந்து நின்றிருக்கும். அச்சுக்குப் போகுமுன்பே தெரிந்திருக்கும்.

மனச்சோர்வையும் அதே பெயரில் எழுதுவது

டிப்ரெஷன் என்றால் மனச்சோர்வு. ஸ்ட்ரெஸ், டிப்ரெஷன் இரண்டுக்கும் ‘மன அழுத்தம்’ என்றே எழுதும் பழக்கம் பத்திரிகைகளிலும் இணையத்திலும் இருக்கிறது, அதைப் பார்த்து நம் பிள்ளைகளும் எழுதுகிறார்கள். இரண்டு வாரமாக எதிலும் நாட்டமின்றி, பெரும்பாலான நேரம் சோர்ந்து கிடப்பவரை மருத்துவரிடம் காட்ட வேண்டும். துண்டுப்பிரசுரத்தில் அழுத்தம் என்று வாசித்த குடும்பம், நாலு நாள் ஓய்வெடுத்தால் சரியாகிவிடும் என்று இருந்துவிடும்.

தகைப்பும் விகாரமும்

நம் உயர்தரப் பௌதிகத்தில் ஸ்ட்ரெஸ் என்றால் தகைப்பு, ஸ்ட்ரெயின் என்றால் விகாரம். ஓரலகுப் பரப்பில் தாக்கும் விசை தகைப்பு, பாஸ்கலில் அளக்கலாம். கம்பி நீண்ட அளவு அதன் ஆரம்ப நீளத்தில் என்ன பங்கு என்பது விகாரம், அதற்கு அலகே இல்லை. தமிழ்நாட்டுப் பாடநூல்களில் இவை தகைவு, திரிபு. இணையத்திலிருந்து எடுத்து நம் மாணவர்களின் பயிற்சித்தாளில் கலந்துவிடாதீர்கள். ‘அமுக்கம்’ என்று போட்டால் அது பிரஷராகிவிடும்.

பொறியியலில் இவ்வளவு துப்புரவாகப் பிரிந்திருந்த சோடியை மருத்துவம் குழப்பிக்கொண்டது. அங்கே ஸ்ட்ரெஸ் என்ற கருத்தைப் பரப்பியவர் கனடாவில் ஆய்வு செய்த ஹான்ஸ் செல்யே. 1936இல் நேச்சர் இதழில் வந்த அவருடைய சிறு குறிப்பில்தான் அது தொடங்கியது. தம் ஆங்கிலம் இன்னும் துல்லியமாக இருந்திருந்தால் ஸ்ட்ரெயின் என்ற சொல்லை எடுத்திருக்கலாம் என்று அவர் பிற்காலத்தில் வருந்தியதாகச் சொல்வார்கள். ஆகவே மூலத்தில் இந்தச் சொல்லைக் கண்டால் காரணத்தைச் சொல்கிறார்களா, விளைவைச் சொல்கிறார்களா என்று முதலில் பாருங்கள். கடன் தொல்லையைச் சொன்னால் நெருக்கடி. அதனால் ஒருவர் படும் பாட்டைச் சொன்னால் நெருக்கீடு.

பயிருக்கு வரும் ஸ்ட்ரெஸ்

வாட்டர் ஸ்ட்ரெஸ் என்பதை ‘நீர் அழுத்தம்’ என்று எழுதினால் கோப்பாய் வெங்காயச் செய்கைக்காரர் மோட்டரையும் குழாயையும் போய்ப் பார்ப்பார். ‘தண்ணீர் காணாமல் பயிர் வாடுதல்’ என்று எழுதுங்கள்.

வைரஸின் ஸ்ட்ரெயின்

எழுத்து ஒன்றுதான், ஆனால் அது பிறப்பிலேயே வேறு சொல். தமிழில் வகை அல்லது திரிபு என்று எழுதலாம்.

தசைக்கு ஸ்ட்ரெயின்

தசையோ தசைநாணோ இழுபட்டால் ஸ்ட்ரெயின். அதைச் சுளுக்கு என்று போடாதீர்கள்; சுளுக்கு மூட்டில் வருவது.

ஸ்ட்ரெஸ் வினைச்சொல்லாக வந்தால்

வலியுறுத்தினார். ‘அமைச்சர் அழுத்தம் கொடுத்தார்’ என்று எழுதினால், அவர் யாரையோ நெருக்கினார் என்றுதான் காலையில் பேப்பர் பார்ப்பவர் எடுத்துக்கொள்வார்.