ஸ்மார்ட் சுவிட்ச் வாங்கும் முன் பழைய போர்டைத் திறந்து பாருங்கள்

எங்கள் வீடு 1994-இல் கட்டியது. அறைக்கு ஒரு ஃபேன், இரண்டு டியூப் லைட், ஒரு பிளக் பாயின்ட் என்று கணக்குப் போட்டு அப்பா ஒயர் இழுக்கச் சொன்னார். முப்பது வருடம் கழித்து அதே சுவருக்குள் ஸ்மார்ட் சுவிட்ச் வைக்கலாம் என்று எனக்கு ஆசை வந்தது. ஆன்லைனில் எட்டு மாட்யூல் (போன் கட்டளைக்கு விளக்கைப் போட்டு அணைக்கும் சின்னக் கருவி) வாங்கி, அவை வீடு வந்து சேர்ந்த பிறகுதான் எலக்ட்ரீஷியனைக் கூப்பிட்டேன். மாடிப்படி போர்டைக் கழற்றிப் பார்த்தவர், "சார், இதுல நியூட்ரலே இல்லியே" என்றார். எட்டில் மூன்று அன்றைக்கு அட்டைப்பெட்டிக்கே திரும்பிப் போயின.

புதிதாகக் கட்டும் வீட்டில் ஒயரை நம் விருப்பத்துக்கு இழுக்கலாம். பழைய வீட்டில் சுவருக்குள் என்ன இருக்கிறதோ அதற்கேற்றபடிதான் பொருளை வாங்க முடியும். இந்த வரிசையை மாற்றிச் செய்வதில்தான் பாதிச் செலவு வீணாகிறது.

நியூட்ரல் என்ற பெரிய தலைவலி

சாதாரண சுவிட்சுக்கு நியூட்ரல் தேவையில்லை. கரண்ட் வரும் பேஸ் ஒயரைத் துண்டிப்பதும் சேர்ப்பதும் மட்டுமே அதன் வேலை. ஸ்மார்ட் மாட்யூல் அப்படியில்லை. விளக்கு அணைந்திருக்கும்போதும் அது விழித்திருந்து போனின் கட்டளைக்குக் காத்திருக்க வேண்டும். அதற்குக் கரண்ட் வேண்டும். போன கரண்ட் திரும்பி வர நியூட்ரல் வேண்டும். நல்லவேளையாக நம் ஊர் போர்டுகளில் பெரும்பாலும் சுவிட்சுகளோடு ஒரு பிளக் பாயின்டும் இருக்கும். பிளக் இருந்தால் அங்கே நியூட்ரல் வந்தே ஆக வேண்டும். மாட்டிக்கொள்வது மாடிப்படி, பால்கனி, பாத்ரூம் வாசல் மாதிரி வெறும் சுவிட்ச் மட்டும் உள்ள இடங்கள்தான்.

நியூட்ரல் இல்லாமலே வேலை செய்யும் மாட்யூல்களும் கடையில் கிடைக்கின்றன. அவை தமக்கு வேண்டிய சொற்பக் கரண்டை விளக்கின் வழியாகவே ஓடவிடுகின்றன. 60 வாட் குண்டு பல்பாக இருந்தால் அது கண்ணுக்கே தெரியாது. 9 வாட் எல்.இ.டி. பல்புக்கு அந்தச் சொற்பமே போதும், அணைத்த பிறகும் மங்கலாக எரியும், அல்லது விட்டு விட்டு மினுக்கும். விளக்குக்கு இணையாக ஒரு சின்ன கெபாசிட்டர் போட்டால் பெரும்பாலும் சரியாகிவிடும். அந்த கெபாசிட்டர் பெட்டிக்குள் வருகிறதா என்று கேட்டு வாங்குங்கள்.

அடுத்தது ஆபத்தான குறுக்குவழி. நியூட்ரல் கிடைக்காத இடத்தில் பச்சை எர்த் ஒயரை எடுத்து நியூட்ரலாகச் சேர்த்துவிடுவார்கள். மாட்யூல் வேலை செய்யும், எல்லோருக்கும் மகிழ்ச்சி. என்றைக்காவது அந்த எர்த் ஒயர் எங்காவது விட்டுப்போனால், அதோடு சேர்ந்திருக்கும் ஃபிரிட்ஜும் வாஷிங் மெஷினும் தொட்டால் ஷாக் அடிக்கும். "டெம்பரரிதான் சார்" என்று யார் சொன்னாலும் ஒத்துக்கொள்ளாதீர்கள்.

பக்கத்து சர்க்யூட்டிலிருந்து நியூட்ரலை இழுப்பது இன்னொரு வகை. எங்கள் வீட்டில் நடந்தது இதுதான். ஆர்.சி.சி.பி. என்பது பேஸில் போன கரண்டும் நியூட்ரலில் திரும்பிய கரண்டும் சமமா என்று ஓயாமல் பார்த்துக்கொண்டிருக்கும் கருவி. வீடுகளில் போடுவது பெரும்பாலும் 30 மில்லி ஆம்பியர் வகை. வித்தியாசம் அந்த அளவை எட்டும்போது விழுந்துவிடும். விளக்குக்கு இன்வெர்ட்டர் லைனிலிருந்து பேஸ், நேர் லைனிலிருந்து நியூட்ரல் என்று கலந்து கொடுத்ததில் இரண்டு நாள் சாயங்காலமும் லைட்டைப் போட்டதும் வீடே இருண்டது. மாட்யூல் கெட்டுப்போய்விட்டது என்று அதைத் திட்டிக்கொண்டிருந்தோம்.

ஒயரின் நிறத்தையும் நம்ப வேண்டாம். சிவப்பு, மஞ்சள், நீலம் பேஸ், கறுப்பு நியூட்ரல், பச்சை எர்த் என்பது முறை. முப்பது வருடத்தில் எத்தனை பேர் கையிலிருந்த ஒயரைப் போட்டு ஒப்பேற்றினார்களோ! மூன்று பேஸ் இணைப்புள்ள வீட்டில் ஒரே போர்டுக்கு இரண்டு பேஸ் வந்திருந்தால் அவற்றுக்கிடையே 415 வோல்ட் இருக்கும். டெஸ்டர் விளக்கு எரிவதை வைத்து இதைக் கண்டுபிடிக்க முடியாது, மல்டிமீட்டர் வேண்டும். வளைத்தால் உறை வெடிக்கும் பழைய ஒயராக இருந்தால், ஆட்டோமேஷனைத் தள்ளிவைத்துவிட்டு முதலில் ஒயரை மாற்றுங்கள்.

மோட்டாரை நேராக மாட்டாதீர்கள்

மாட்யூலின் மேல் 10 ஆம்பியர் என்று எழுதியிருக்கும். 2000 வாட் கீசர் ஒன்பது ஆம்பியருக்குக் கொஞ்சம் குறைவாகத்தான் இழுக்கும் என்பதால் போதும் என்று தோன்றும். போதாது. கீசர் தொடர்ந்து அரைமணி நேரம் ஓடும் பொருள், 3000 வாட் என்றால் 13 ஆம்பியர். 16 ஆம்பியருக்குக் குறைந்து எதையும் வைக்காதீர்கள்.

மோட்டார் இன்னும் மோசம். ஒரு குதிரைத்திறன் மோட்டார் ஓடும்போது ஐந்தாறு ஆம்பியர்தான். கிளம்பும் கணத்தில் அதைப்போல் பல மடங்கு இழுக்கும். மாட்யூலில் சுவிட்சாக வேலை செய்யும் ரிலேவுக்குள் இருக்கும் சின்ன உலோக முனைகள் அந்த நொடியில் தீப்பொறி பறந்து ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும். போனில் 'ஆஃப்' என்று காட்டும், மோட்டார் ஓடிக்கொண்டே இருக்கும், மேல்தொட்டி வழிந்து தெருவில் தண்ணீர் போகும். பக்கத்து வீட்டுக்காரர் கதவைத் தட்டித்தான் விஷயம் தெரியவரும். ஸ்மார்ட் மாட்யூல் ஒரு கான்டாக்டரை (அதிகக் கரண்டைத் தாங்கும் பெரிய சுவிட்சை) இயக்க, அந்த கான்டாக்டர் மோட்டாரை இயக்க வேண்டும். முறை அதுதான்.

அதோடு, ஊரிலிருந்தபடியே போனில் மோட்டார் போடுவது என்பது சம்ப்பில் தண்ணீர் இருக்கிறதா என்று பார்க்காமல் போடுவது. வறண்டு ஓடினால் மோட்டார் கருகும். சம்ப்புக்கும் மேல்தொட்டிக்கும் லெவல் சென்சார் வைத்த பிறகு போன் கட்டுப்பாட்டைப் பற்றி யோசிக்கலாம். சென்சார் வைத்த பிறகு போனே தேவைப்படாது என்பது வேறு விஷயம்.

ஃபேனிலும் ஒரு சின்னக் கண்ணி உண்டு. விளக்கின் வெளிச்சத்தைக் கூட்டிக் குறைக்கும் டிம்மரை ஃபேனுக்கு மாட்டினால் ராத்திரி முழுக்க 'ங்' என்று முனகும். ஃபேனுக்கென்று, கெபாசிட்டர் மூலம் படிப்படியாக வேகம் மாற்றும் மாட்யூல் வாங்க வேண்டும். வீட்டில் ரிமோட் வைத்த, கரண்டைக் குறைவாக இழுக்கும் பி.எல்.டி.சி. ஃபேன் இருந்தால் அதற்கு ரெகுலேட்டரே கூடாது. நேர் சப்ளை கொடுத்துவிட்டு, ரிமோட் செய்வதைச் செய்யும் ஒரு ஐ.ஆர். கருவியை அறையில் வைத்துவிடுங்கள்.

அம்மா சுவிட்சை அணைத்துவிட்டால்?

நான் செலவழித்து ஏமாந்ததில் முதலிடம் ஸ்மார்ட் பல்புக்கு. நிறம் மாறும், பேசினால் எரியும், எல்லாம் சரி. ஆனால் அறையைவிட்டு வெளியே வரும்போது சுவிட்சை அணைக்க வேண்டும் என்று சொல்லிச் சொல்லி வளர்த்தவர் அம்மா. அவர் அணைத்ததும் பல்புக்கு உயிர் போய்விடும். அதன்பிறகு கூகுளைக் கூப்பிட்டாலும் அலெக்சாவைக் கூப்பிட்டாலும் பதில் இல்லை. சுவிட்சின் மேல் செலோடேப் ஒட்டி 'தொடாதே' என்று எழுதிவைத்த வீடுகளைப் பார்த்திருக்கிறேன். நானும் ஒரு வாரம் ஒட்டினேன்.

இதற்கு விடை, பழைய சுவிட்சை அப்படியே விட்டு அதன் பின்னால் மாட்யூலை ஒளித்துவைப்பது. கையால் தட்டினாலும் எரியும், போனில் சொன்னாலும் எரியும். வீட்டுக்கு வரும் சொந்தக்காரருக்கு எதையும் கற்றுக்கொடுக்க வேண்டாம். இப்படிச் செய்ய பெட்டியில் ஆழம் வேண்டும். பழைய மரப்பெட்டி போர்டில் தாராளமாக இடம் இருக்கும். சுவருக்குள் புதைத்த மெல்லிய மாடுலர் பெட்டியில் ஒயரும் மாட்யூலும் முட்டி மோதும். அழுத்தித் திணித்தால் திருகு லூசாகும், லூசான இணைப்பு சூடாகும். கையோடு ஒரு ஸ்கேலை எடுத்துப் போய் ஆழத்தை அளந்து, மாட்யூலின் அளவோடு ஒப்பிட்டுவிட்டு வாங்குங்கள்.

கரண்ட் போய் வரும்போது என்ன ஆகும் என்பதையும் யாரும் முதல்நாள் கேட்பதில்லை. விடியற்காலை மூன்று மணிக்கு மின்சாரம் திரும்பியதும் படுக்கையறை பல்பு முழு வெளிச்சத்தில் எரிந்தால் தெரியும். செயலியின் அமைப்புகளில், மின்சாரம் திரும்பினால் எரிய வேண்டுமா, அணைந்தே இருக்க வேண்டுமா, முன்பிருந்த நிலைக்கே போக வேண்டுமா என்று ஒரு தேர்வு பெரும்பாலும் இருக்கும். ரவுட்டரை இன்வெர்ட்டர் லைனில் மாட்டுவதும் அதே நாளில் செய்ய வேண்டிய வேலை.

காற்றில் வரும் பிரச்சினைகள்

இந்த மாட்யூல்களில் பெரும்பாலானவை 2.4 கிகாஹெர்ட்ஸ் வைஃபையில் மட்டுமே பேசும். போன் 5 கிகாஹெர்ட்ஸில் இருக்கும்போது சேர்க்க முயன்று, 'டிவைஸ் கிடைக்கவில்லை' என்று வந்ததும் பொருளைத் திருப்பி அனுப்பியவர்கள் நிறைய. ஒன்பது அங்குலச் செங்கல் சுவர் இரண்டையும் ஒரு கான்கிரீட் தளத்தையும் தாண்டி சிக்னல் போவதும் கடினம். பத்துப் பதினைந்து பொருளுக்கு மேல் போவதாக இருந்தால் வைஃபைக்குப் பதில் ஜிக்பீ என்ற வேறு வயர்லெஸ் முறையின் பக்கம் பாருங்கள். அதில் பேட்டரி இல்லாமல் வீட்டு மின்சாரத்தில் ஓடும் மாட்யூல்கள் பெரும்பாலும் அடுத்ததற்குச் செய்தியைக் கடத்திவிடும்.

அமெரிக்காவிலிருந்து வரும் மைத்துனர் அன்போடு வாங்கிவரும் பொருளில் கவனம் தேவை. அங்கே 120 வோல்ட், இங்கே 230. அங்குள்ள பல்பை இங்கே மாட்டினால் அதோடு முடிந்தது. ஜிக்பீ மாதிரியே இன்னொரு வயர்லெஸ் முறையான இசட்-வேவ் வகையாக இருந்தால் அலைவரிசையே வேறு: இந்தியாவில் 865 மெகாஹெர்ட்ஸ், அமெரிக்காவில் 908.

இன்டர்நெட் கேபிளைப் பிடுங்கிவிட்டால் வீட்டுக்குள் விளக்கு போனில் எரியுமா? எந்தக் கம்பெனி பொருளானாலும் இந்தக் கேள்வியைக் கேளுங்கள். நெஸ்ட் நிறுவனம், வீட்டு ஸ்மார்ட் பொருள்களை இணைக்கும் ரிவால்வ் ஹப்பை 2016-இல் நிறுத்தியபோது, காசு கொடுத்து வாங்கிய கருவி வெறும் டப்பாவானது. 2022 ஏப்ரலில் இன்ஸ்டியான் என்ற ஸ்மார்ட் வீட்டுக் கம்பெனியின் சர்வர் சொல்லாமல் கொள்ளாமல் நின்றது. அதே ஆண்டு வெளிவந்த மேட்டர் என்ற பொதுத்தரம், வீட்டு நெட்வொர்க்குக்குள்ளேயே பொருள்கள் பேசிக்கொள்ள வழிசெய்கிறது. கேமரா வாங்கினால் பெட்டியோடு வந்த பாஸ்வேர்டை அன்றைக்கே மாற்றுங்கள். 2016-இல் மிராய் என்ற நச்சுநிரல் லட்சக்கணக்கான கேமராக்களையும் ரவுட்டர்களையும் பிடித்தது அந்த மாற்றாத பாஸ்வேர்டுகள் வழியாகத்தான்.

வாசலுக்கு ஸ்மார்ட் பூட்டு என்றால் முதலில் கதவைப் பாருங்கள். கடையில் கிடைப்பவை பெரும்பாலும் ஒற்றைக் கதவுக்குச் செய்தவை. இரட்டைக் கதவும் நாதாங்கியுமாக இருக்கும் வீட்டில் அவை பொருந்துவது அரிது. மழைக்காலத்தில் பருத்துக்கொள்ளும் மரக்கதவைத் தோளால் இடித்து மூடுகிற வீட்டில் பூட்டின் மோட்டார் பாவம் என்ன செய்யும்?

கடைசியாக ஒரு சின்னக் கணக்கு. மாட்யூல் ஒன்று சும்மா இருக்கும்போது 1 வாட் எடுக்கிறது என்று வைத்துக்கொண்டால், இருபது மாட்யூலுக்கு இரண்டு மாதத்தில் 29 யூனிட் ஆகும். பில்லில் 500 யூனிட்டை ஒட்டி நிற்கும் வீடு இதனாலேயே அடுத்த கட்டணப் படிக்குத் தாவக்கூடும்.

வேலை முடிந்ததும் எந்த போர்டில் மாட்யூல் இருக்கிறது, அது மெயின் பெட்டியில் எந்த எம்.சி.பி.யில் (ஃபியூஸுக்குப் பதிலான சுவிட்சில்) வருகிறது என்று ஒரு தாளில் எழுதி மெயின் பெட்டிக் கதவின் உள்பக்கம் ஒட்டச் சொல்லுங்கள். பின்னொரு நாள் வேறு எலக்ட்ரீஷியன் வந்து ஒயரின் இன்சுலேஷனைச் சோதிக்க மெகர் என்ற கருவியில் 500 வோல்ட் கொடுப்பார், அது மாட்யூலைக் கெடுத்துவிடும். உள்ளே மாட்யூல் ஒளிந்திருப்பது தெரிந்தால்தான் அதைக் கழற்றிவிட்டுக் கொடுப்பார்.