எல்லா மாணவருக்கும் எட்டும் பாடம்: தொழில்நுட்பத்தில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

பார்வையற்ற மாணவருக்கு, திரையிலுள்ள எழுத்தை உரக்கப் படித்துக்காட்டும் திரைவாசிப்பு மென்பொருள் பொருத்திய மடிக்கணினியும், காது கேளாத மாணவருக்கு வசனவரியுள்ள காணொளியும் கொடுத்துவிட்டால் வேலை முடிந்தது என்று எண்ணிப் பல பள்ளிகள் கருவி வாங்குவதோடு நின்றுவிடுகின்றன. ஆனால் தடை பெரும்பாலும் கருவியில் இருப்பதில்லை. நாம் தயாரித்து அனுப்பும் பாடக் கோப்பிலேயே இருக்கிறது.

புத்தகப் பக்கத்தைக் கைப்பேசியில் படமெடுத்து, அதைப் பிடிஎஃப் ஆக்கி அனுப்புவதுதான் மிகப் பரவலான தவறு. நம் கண்ணுக்கு அது எழுத்து. கணினிக்கு வெறும் படம். திரைவாசிப்பு மென்பொருளுக்கு அதில் வாசிக்க ஒன்றுமே இருக்காது. கோப்பிலுள்ள ஒரு சொல்லைத் தேர்ந்தெடுத்து நகலெடுக்க முடிகிறதா என்று பார்த்தாலே இது தெரிந்துவிடும். முடியாவிட்டால், படத்திலுள்ள எழுத்தை அடையாளம் காணும் ஓசிஆர் மென்பொருளால் எழுத்தாக மாற்றி, கட்டாயம் ஒருமுறை பிழைதிருத்த வேண்டும். ‘ர’ என்ற எழுத்தும் துணைக்காலும் ஒன்றுபோலத் தோன்றுவதால் தமிழில் இந்த மாற்றம் அடிக்கடி சறுக்கும்.

இதைவிட மறைவான தவறு எழுத்துருவில் இருக்கிறது. பாமினி போன்ற பழைய எழுத்துருக்களில் தட்டச்சு செய்த வினாத்தாள்களைப் பலர் இன்னும் அப்படியே பயன்படுத்துகிறார்கள். அவற்றில் ‘அம்மா’ என்ற சொல் திரையில் சரியாகவே தெரியும். உள்ளே சேமிக்கப்பட்டிருப்பதோ எம், கே, அரைப்புள்ளி, கே, எச் என்ற ஆங்கிலக் குறிகள். மென்பொருள் அந்தக் குறிகளைத்தான் உரக்கப் படிக்கும். பார்வையுள்ள ஒருவர் எத்தனை முறை சரிபார்த்தாலும் இந்தப் பிழை கண்ணில் படாது என்பதால்தான் இதை நான் மிகவும் அஞ்சுகிறேன். பழைய கோப்புகளை, தமிழ் எழுத்தைத் தமிழ் எழுத்தாகவே சேமிக்கும் யூனிகோடு முறைக்கு மாற்ற இலவச மாற்றிகள் இருக்கின்றன. ஒருமுறை மாற்றிவைத்தால் பின்வரும் எல்லா ஆண்டுகளுக்கும் பயன்படும்.

தலைப்புகளை வெறுமனே தடித்த எழுத்தாக்கி விடுவதும் இதே வகைத் தவறுதான். தட்டச்சு மென்பொருளில் தலைப்புக்கென்று உள்ள பாணியை (ஹெடிங் ஸ்டைல்) பயன்படுத்தியிருந்தால், திரைவாசிப்பைக் கேட்டுப் படிக்கும் மாணவர் ஒரு விசையை அழுத்தி அடுத்த தலைப்புக்குத் தாவலாம். இல்லாவிட்டால் பத்தாம் பக்கத்துக்குப் போக முதல் ஒன்பது பக்கங்களையும் கேட்டாக வேண்டும்.

காணொளிகளில் தானியங்கி வசனவரியை அப்படியே நம்பிவிடக் கூடாது. அன்றாடப் பேச்சை அது ஓரளவு பிடித்துவிடும், கலைச்சொற்களில்தான் தடுமாறும். ஆசிரியர் ‘இழை’ என்றது ‘இலை’ என்று பதிவானால், காதால் கேட்கும் மாணவர் சூழலை வைத்துத் திருத்திக்கொள்வார்; வசனவரியை மட்டுமே நம்பியிருப்பவர் தவறையே பாடமாகப் படித்துக்கொள்வார். சைகை மொழிக்கென்று தனி இலக்கணம் உண்டு. அம்மொழியிலேயே வளர்ந்த மாணவருக்கு வசனவரி எவ்வளவு துல்லியமாக இருந்தாலும், அது மொழிபெயர்ப்பாளருக்கு ஈடாகாது. இன்னொன்று: ஆசிரியரின் ஒலிவாங்கி, பின்வரிசையில் எழும் கேள்வியைப் பிடிக்காது. அந்தக் கேள்வியை ஆசிரியர் திருப்பிச் சொல்லாமல் பதிலை மட்டும் சொன்னால், காதுக்கருவி அணிந்த மாணவருக்குப் பாதி உரையாடல்தான் கிடைக்கும்.

‘சிவப்பில் உள்ளவற்றை மட்டும் எழுதுக’ என்று நிறத்தை மட்டுமே அடையாளமாக்குவதும், வெளிர் பின்னணியில் மங்கிய எழுத்து வைப்பதும், சுட்டியால் இழுத்து வைத்தால்தான் விடை பதிவாகும் பயிற்சிகளைத் தருவதும் எளிதில் தவிர்க்கக்கூடியவை. இணைய உள்ளடக்கத்துக்கான சர்வதேச அணுகல் வழிகாட்டி, சாதாரண அளவு எழுத்துக்கும் பின்னணிக்கும் இடையே குறைந்தது 4.5-க்கு 1 என்ற ஒளிர்வு வேறுபாட்டைக் கேட்கிறது. இதை அளந்து காட்டும் இலவசக் கருவிகள் பல உள்ளன.

மாணவரைக் கேட்காமலேயே கருவியைத் தேர்ந்தெடுப்பது பெரிய தவறு. தனக்குப் பழகிய குரலில், பழகிய வேகத்தில் கேட்டுப் படித்து வந்த ஒருவருக்கு ஆண்டின் நடுவில் புதிய மென்பொருளைத் திணித்தால், பாடத்துக்குச் செலவிட வேண்டிய நேரம் கருவியைப் பழகுவதில் கரையும். அதைவிடக் கொடியது, ஆண்டு முழுவதும் வகுப்பில் பயன்படுத்திய கருவியைத் தேர்வறையில் மறுப்பது. தேர்வு விதிகளை ஆண்டின் தொடக்கத்திலேயே விசாரித்து, எழுத்து மூலம் அனுமதி பெற்றுவிட வேண்டும். பாடக் கோப்பை ஒருவருக்கு மட்டும் தனியாகக் கொடுத்து அவரை வகுப்பில் வேறுபடுத்திக் காட்டுவதற்குப் பதிலாக, முந்தைய நாளே எல்லோருக்கும் அனுப்பிவிடலாம். மெதுவாகப் படிப்பவருக்கும், அன்று வர இயலாதவருக்கும் அது உதவும்.

2006-இல் உருவாக்கத் தொடங்கப்பட்ட என்விடிஏ என்ற திரைவாசிப்பு மென்பொருள் இன்றும் இலவசமாகவே கிடைக்கிறது. அதை நிறுவி, திரையை அணைத்துவிட்டு, சுட்டியைத் தொடாமல், உங்கள் பயிற்சித்தாளில் மூன்றாம் கேள்வியைக் கண்டுபிடித்து விடையை எழுதிச் சேமித்துப் பாருங்கள். எந்த இடத்தில் நீங்கள் சிக்கி நிற்கிறீர்களோ, அந்த இடத்தை முதலில் திருத்திவிட்டுக் கோப்பை வகுப்புக்கு அனுப்புங்கள்.