வண்டியைக் கண்டாலே மிரளும் குதிரை: ஏற்றும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

ஆடி மாதம் அந்தியூர் குருநாதசாமி கோவில் சந்தை முடிகிற சமயத்தில் வண்டிகள் நிற்கும் பக்கம் போய்ப் பாருங்கள். அன்றைக்குத்தான் விலை பேசி முடித்த மார்வாரி இனக் குதிரையோ கத்தியவாரி இனக் குதிரையோ, சாய்வுப் பலகைக்கு முன்னால் நாலு காலையும் ஊன்றிக்கொண்டு அசையாமல் நிற்கும். ஒருவர் முன்னாலிருந்து கயிற்றை இழுப்பார். இரண்டு பேர் பின்னால் கைகோத்துத் தள்ளுவார்கள். சுற்றி நிற்பவர்கள் ஆளுக்கொரு யோசனை சொல்வார்கள். எப்படியோ ஏற்றியும்விடுவார்கள். ஆனால் அடுத்த முறை வண்டி கண்ணில் பட்டதுமே அந்தக் குதிரைக்கு வியர்க்க ஆரம்பித்துவிடும். ‘அதுக்கு வண்டின்னாலே ஆகாது’ என்று பழியும் அதன் மேலேயே விழும்.

பழக்குவதைப் பயண நாள்வரை தள்ளிப்போடுவதுதான் பெரிய தவறு. நேரமாகிவிட்டது, டிரைவர் ஹாரன் அடிக்கிறார், எல்லோரும் பதற்றத்தில் இருக்கிறார்கள். அந்த நிலைமையில் எந்த விலங்கும் எதையும் கற்றுக்கொள்ளாது. போகவேண்டிய தேதிக்குச் சில வாரம் முன்பே வண்டியை லாயத்துப் பக்கம் நிறுத்திவையுங்கள். தீவனத்தை முதலில் பலகை அருகில் வையுங்கள், பிறகு பலகை மேல், அப்புறம் உள்ளே. உள்ளே நின்று நிதானமாகத் தின்னத் தொடங்கியபின் எஞ்சினை ஓடவிட்டுப் பார்க்கலாம். அதற்கும் பழகிவிட்டால் ஊரை ஒரு சுற்றுச் சுற்றிவிட்டு லாயத்துக்கே திரும்பி வாருங்கள்.

குதிரையின் கண் வெளிச்சத்திலிருந்து இருட்டுக்குப் பழக நம் கண்ணைவிட அதிக நேரம் எடுக்கும். வெயிலில் நின்றபடி வண்டிக்குள் பார்த்தால் அதற்கு இருட்டைத் தவிர எதுவும் தெரியாது. வெளிச்சம் உள்ளே விழுகிற மாதிரி வண்டியைத் திருப்பி நிறுத்தி, முன்பக்கக் கதவு இருந்தால் திறந்து வைத்தாலே பாதி வேலை முடிந்தது. பலகை ஆடினாலோ, குளம்பு பட்டதும் டமடமவென்று சத்தம் கேட்டாலோ, மேலே ரப்பர் பாயோ வைக்கோலோ விரியுங்கள்.

கயிற்றைப் பிடிக்கிற கையைக் கவனியுங்கள். தயங்கி நிற்கும் குதிரை ஒரு முன்னங்காலைத் தூக்கிப் பலகையில் வைக்கிறது. நம்மில் பெரும்பாலோர் அந்த நொடியில் ‘சரி, வருது’ என்று இன்னும் பலமாக இழுக்கிறோம். முன்னால் வந்தால் இழுப்புத்தான் கிடைக்கும் என்று அது புரிந்துகொண்டு தலையைத் தூக்கிப் பின்வாங்குகிறது. கால் பட்ட அதே நொடியில் கயிறு தளர வேண்டும். கழுத்தைத் தடவிக்கொடுத்து, ஒரு மூச்சு விட்டு, வேண்டுமானால் ஓர் அடி பின்னால் வரவிட்டு மறுபடி முன்னால் கூப்பிடுங்கள். இறங்கப் பழக்குவதும் இதே அளவு முக்கியம். வாலுக்கு நேர் பின்னால் இருப்பது குதிரைக்குத் தெரியாது. பின்னோக்கி இறங்கும்போது பலகை விளிம்பு எங்கே என்று புரியாமல் மிரள்கிற குதிரைகள் நிறைய.

கட்டும் வரிசையில் தப்பு செய்தால் உயிருக்கே ஆபத்து. ஏற்றியதும் முதலில் பின்பக்கத் தடுப்பை மாட்டுங்கள், அதன் பிறகுதான் தலைக்கயிற்றைக் கட்ட வேண்டும். இறக்கும்போது முதலில் கயிற்றை அவிழ்க்க வேண்டும், பிறகுதான் தடுப்பு. மாற்றிச் செய்தால் குதிரை பின்னால் வரும், கயிறு தலையைப் பிடித்து இழுக்கும், அந்தத் திகிலில் எதை உடைக்கும் என்று சொல்ல முடியாது. ஒரே இழுப்பில் அவிழும் முடிச்சே போடுங்கள்.

மிரளுகிறதே என்று கயிற்றைக் குட்டையாக்கித் தலையை உயரத் தூக்கிக் கட்டிவைப்பதும் வழக்கம். தலை தாழ்ந்தால்தான் மூச்சுக்குழாயில் சேரும் சளியும் தூசியும் வெளியே வரும். பல மணி நேரம் தூக்கியே கட்டினால் நுரையீரலில் கிருமி சேர்ந்து பயணக் காய்ச்சல் வரும். கால் சிக்காத அளவுக்கு, ஆனால் தலையைத் தாழ்த்த முடிகிற நீளத்துக்குக் கயிறு விடுங்கள். வைக்கும் புல்லை நனைத்து வையுங்கள்.

அடுத்தது டிரைவர். நின்றிருக்கும் குதிரை தன் எடையில் சுமார் 60 சதவீதத்தை முன்னங்கால்களில்தான் தாங்குகிறது. ஒவ்வொரு பிரேக்குக்கும் கால்களை அகட்டி ஊன்றிச் சமாளிக்கிறது. வேகத்தடையில் தூக்கிப்போட்டால், வளைவில் வெட்டித் திருப்பினால், ஏறும்போது அமைதியாக இருந்த குதிரைகூட இறங்கும்போது நடுங்கும். சந்தேகம் இருந்தால் தோட்டத்துக்குள் வேறொருவரை மெதுவாக ஒரு சுற்று ஓட்டச் சொல்லி, காலி வண்டியின் பின்பகுதிக்குள் டிரைவரையே எதையும் பிடிக்காமல் நிற்கவைத்துப் பாருங்கள். அப்புறம் பிரேக் தானாகவே மென்மையாகிவிடும். ‘குட்டி யானை’ என்கிற சின்ன சரக்கு வண்டியில் ஏற்றுவதை நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். கால் அகட்ட இடமில்லை, பக்கவாட்டு உயரம் போதாது, முகத்தில் நேராகக் காற்றும் தூசியும். பெரிய வண்டியிலும் தடுப்பை உடம்போடு இறுக்கி வைத்தால் இதே கதிதான். வழுக்காத தரை, குதிரைகளுக்கு நடுவே மூங்கில் தடுப்பு, கால்நடை மருத்துவரின் சான்று இதெல்லாம் 1978ஆம் ஆண்டு விலங்குப் போக்குவரத்து விதிகளிலேயே இருக்கின்றன.

தனியாக அனுப்புவதும் பயத்தைக் கூட்டும். பயணத்துக்குப் பழகிய, சாதுவான துணைக்குதிரை ஒன்று பக்கத்தில் நின்றால் நல்லது. துணை இல்லாவிட்டால் உடையாத கண்ணாடி ஒன்றைப் பக்கச் சுவரில் மாட்டலாம்; தன் உருவத்தைப் பார்த்தாலே குதிரைக்குத் தவிப்பு குறைவதை ஆய்வில் கண்டிருக்கிறார்கள்.

மயக்க ஊசி போட்டு ஏற்றிவிடலாம் என்பவர்கள் உண்டு. மருந்து ஏறிய குதிரைக்குச் சமநிலை தடுமாறும், ஓடும் வண்டியில் அதுவே விழக் காரணமாகும். மருத்துவர் பார்த்து முடிவு செய்யாமல் அந்தப் பக்கமே போகாதீர்கள்.

கிளம்பும் முன் வயிறு நிறையக் கொள்ளும் தானியமும் கொடுப்பது வேண்டாம். குதிரையால் வாந்தி எடுக்க முடியாது. வயிற்றுவலி வந்தால் நடுவழியில் திண்டாட்டம். புல் போதும். வெயில் ஏறுமுன் கிளம்புங்கள், மூன்று நான்கு மணி நேரத்துக்கு ஒருமுறை நிழலில் நிறுத்தித் தண்ணீர் காட்டுங்கள். வெளியூர்த் தண்ணீரை முகர்ந்துவிட்டு முகத்தைத் திருப்பும் குதிரைக்கு வீட்டுத் தண்ணீரையே கேனில் எடுத்துப் போவதுதான் வழி.

போய்ச் சேர்ந்ததும் நேராக ஊர்வலத்துக்கோ சவாரிக்கோ இழுத்துப் போகாமல் கொஞ்ச தூரம் நடத்தி, தரையில் புல்லைப் போட்டு, தலையைத் தாழ்த்தித் தின்ன விடுங்கள். அடுத்த இரண்டு மூன்று நாள் காலையும் மாலையும் வெப்பநிலை பாருங்கள். ஓய்விலிருக்கும் குதிரைக்கு அது 38.5 டிகிரி செல்சியஸைத் தாண்டினாலோ, இருமினாலோ, தீவனத்தில் நாட்டம் குறைந்தாலோ, பயணக் களைப்பு என்று விட்டுவிடாமல் அன்றே மருத்துவரை வரவழையுங்கள்.