அகலம் உடம்புக்கு, நீளம் வளர்ச்சிக்கு: பேட்டர்ன் வைத்து சிறுமிக்கு ஃபிராக் தைப்பது

பேட்டர்ன் (துணியை வெட்டுவதற்கான காகித மாதிரி) உறையில் "5 வயது" என்று போட்டிருக்கிறதே என்று நம்பி வெட்டிவிடாதீர்கள். ஒரே வயதுப் பிள்ளைகள் இரண்டு பேருக்கு மார்புச் சுற்றளவில் இரண்டு அங்குலம் வித்தியாசம் இருப்பது சாதாரணம். வளர்கிற பிள்ளைதானே என்று ஒரு சைஸ் பெரிதாக வெட்டுவதும் தப்புதான். நான்கு வயதுக்கு மேல் பிள்ளைகள் வருடத்துக்குச் சுமார் 6 சென்டிமீட்டர் உயர்கிறார்கள். மார்புச் சுற்றளவு அந்த வேகத்தில் கூடாது. பெரிய சைஸில் தைத்த ஃபிராக் முதல் வருடம் தோளை விட்டு வழுக்கும், கழுத்து தொங்கும். அகலம் சரியாகும் நேரத்தில் நீளம் பற்றாது. அதனால் சைஸை மார்பளவு பார்த்து எடுங்கள், கூடுதல் துணியை நீளத்தில் மட்டும் வையுங்கள்.

இங்கே எடுத்துக்கொண்டிருப்பது கையில்லாத ஃபிராக். மேல்பாகம் முழுக்க லைனிங், இடுப்பில் சுருக்கு, முதுகில் ஜிப். கணக்கெல்லாம் மார்பு 23 அங்குலம் உள்ள பிள்ளைக்கு.

அளவும் காகிதமும்

மெல்லிய ஷிம்மீஸ் மேல் அளவெடுங்கள். மார்பளவுக்கு டேப் அக்குளை ஒட்டிச் சுற்றி வர வேண்டும். இடுப்புதான் குழப்பும், ஏனென்றால் இந்த வயதில் இடுப்பு என்று ஒன்று தனியாகத் தெரியாது. ஒரு எலாஸ்டிக்கை வயிற்றைச் சுற்றித் தளர்வாகக் கட்டிவிட்டு, இரண்டு பக்கமும் சாய்ந்து நிமிரச் சொல்லுங்கள். எலாஸ்டிக் எங்கே போய் நிற்கிறதோ அதுதான் இடுப்பு. பின்கழுத்து எலும்பிலிருந்து எலாஸ்டிக் வரை முதுகு நீளம், எலாஸ்டிக்கிலிருந்து முட்டி வரை கீழ்ப்பாக நீளம்.

நல்ல பேட்டர்னில் இரண்டு அட்டவணை இருக்கும். ஒன்று உடம்பின் அளவு, மற்றது தைத்து முடித்த உடுப்பின் அளவு. இரண்டுக்கும் உள்ள வித்தியாசம்தான் தளர்வு. இழுபடாத பருத்தித் துணியில் மார்பில் 2 முதல் 3 அங்குலம் தளர்வு வேண்டும். ஒன்றரைக்குக் கீழே போனால் கையைத் தூக்கும்போது பிடிக்கும். இரண்டாவது அட்டவணை இல்லையென்றால் காகிதத்தையே அளந்துவிடலாம். முன்பாதி, பின்பாதி இரண்டையும் அக்குள் மட்டத்தில் அளந்து கூட்டி, தையலுக்கு விட்டதைக் கழித்து, இரண்டால் பெருக்குங்கள்.

மார்பளவு ஒரு சைஸிலும் உயரம் வேறு சைஸிலும் வருவது அடிக்கடி நடக்கும். அப்போது மார்புக்குரிய சைஸையே எடுத்து, மேல்பாகத்தின் நடுவில் "நீட்ட / குறைக்க" என்று போட்டிருக்கும் கோட்டில் காகிதத்தை வெட்டி, தேவையான அளவு விலக்கி, அடியில் இன்னொரு தாளை ஒட்டுங்கள். கீழ் ஓரத்தில் மட்டும் நீட்டினால் பக்கக் கோட்டின் சரிவு அப்படியே தொடர்ந்து இடுப்பு சிறுத்துவிடும். முன்பாகம், பின்பாகம், லைனிங் எல்லாவற்றுக்கும் ஒரே அளவு. வயிறு கொஞ்சம் முன்தள்ளிய பிள்ளை என்றால் முன்பாகத்தின் நடுக்கோட்டில் மட்டும் இடுப்பை கால் அங்குலம் இறக்கி, பக்கத் தையலுக்குப் போகப் போகச் சரித்து பழைய கோட்டோடு சேருங்கள். இதைச் செய்யாத ஃபிராக்கில் முன்பக்கம் மேலே ஏறி நிற்கும், கீழ் ஓரம் எவ்வளவு நேராக மடித்திருந்தாலும் கோணலாகத் தெரியும்.

பி.டி.எஃப். பேட்டர்ன் என்றால் 100 சதவீத அளவில் அச்செடுங்கள். "பக்கத்துக்குப் பொருத்து" என்ற தேர்வு தானாகவே போடப்பட்டிருக்கும், அதை எடுத்துவிட வேண்டும். முதல் தாளில் இருக்கும் சோதனைச் சதுரத்தை ஸ்கேலால் அளந்து பார்த்த பிறகே மற்ற தாள்களை அச்சிடுங்கள். தையலுக்கு இடம் சேர்த்திருக்கிறார்களா என்பதையும் இப்போதே பாருங்கள். அமெரிக்க பேட்டர்ன்களில் பெரும்பாலும் 5/8 அங்குலம் சேர்ந்தே வரும். ஐரோப்பியத் தையல் இதழ்களில் வரும் பல பேட்டர்ன்களில் ஒன்றுமே சேர்த்திருக்காது. இங்கே எல்லா ஓரத்திலும் அரை அங்குலம், ஜிப் வரும் நடுமுதுகில் மட்டும் முக்கால் அங்குலம்.

அசல் காகிதத்தை வெட்டாமல் வேறு தாளில் படியெடுத்து வெட்டுவது நல்லது. அடுத்த வருடம் அடுத்த சைஸ் தேவைப்படும்.

துணியும் வெட்டுவதும்

44 அங்குல அகலத்தில் ஒன்றரை மீட்டர் பாப்ளின் அல்லது கேம்ப்ரிக், லைனிங்குக்கு 40 சென்டிமீட்டர் மெல்லிய பருத்தி, 14 அங்குலக் கண்ணுக்குத் தெரியாத ஜிப் ஒன்று, சின்னக் கொக்கி ஒன்று. இவ்வளவு போதும். சாட்டின் அழகாகத்தான் இருக்கும், ஆனால் முதல் ஃபிராக்குக்கு வேண்டாம். வெட்டும்போது நழுவும், குத்திய இடமெல்லாம் துளை நிற்கும்.

பருத்தித் துணி முதல் சலவையில் 3 முதல் 5 சதவீதம் வரை சுருங்கும். பத்து அங்குல மேல்பாகத்தில் அது அரை அங்குலம்வரை போகும். அதனால் ஃபிராக்கை எப்படித் துவைக்கப் போகிறீர்களோ அப்படியே துணியையும் லைனிங்கையும் துவைத்து, லேசான ஈரத்தில் இஸ்திரி போட்ட பிறகுதான் கத்தரியை எடுக்க வேண்டும்.

பேட்டர்னில் உள்ள அம்புக்குறி துணியின் கரைக்கு இணையாகப் போக வேண்டும். கண்ணால் பார்த்து வைத்தால் ஏமாற்றும். அம்பின் இரண்டு முனையிலிருந்தும் கரை வரை டேப்பால் அளந்து, இரண்டும் ஒன்றாக வந்த பிறகு குண்டூசி குத்துங்கள். முன்பாகத்தின் நடுக்கோடு மடிப்பின் மேல் சரியாக உட்கார வேண்டும். மடிப்பிலிருந்து கால் அங்குலம் தள்ளி வைத்தால் கழுத்து அரை அங்குலம் அகன்றுவிடும், அதை அப்புறம் சரிசெய்ய வழியில்லை. ஒரே திசையில் போகும் பூ, பறவை டிசைன் என்றால் எல்லாத் துண்டும் ஒரே பக்கம் தலைவைத்துப் படுக்க வேண்டும், துணி கொஞ்சம் கூடுதலாகச் செலவாகும்.

கீழ்ப்பாகத்துக்கு பேட்டர்ன் தேவையில்லை, வெறும் செவ்வகங்கள்தான். முன்பக்கம் 30 அங்குல அகலத்தில் ஒன்று, பின்பக்கம் 16 அங்குல அகலத்தில் இரண்டு. உயரம் பதினெட்டரை: முடிந்த நீளம் 15, கீழ் மடிப்புக்கு 3, இடுப்புத் தையலுக்கு அரை. தைத்த பின் சுற்றளவு ஐம்பத்தெட்டரை அங்குலம் வரும், மேல்பாகத்தின் 24 அங்குல இடுப்புக்கு ஏறக்குறைய 2.4 மடங்கு. வாயில் (voile) போன்ற மெல்லிய துணி மூன்று மடங்கு சுருக்கையும் தாங்கும். கார்டுராய், டெனிம் போன்ற கனமான துணிக்கு ஒன்றரை மடங்குக்கு மேல் போனால் இடுப்பில் மூட்டை கட்டினாற்போல் நிற்கும்.

லைனிங்கைக் கழுத்திலும் அக்குளிலும் மேல்துணியைவிட 1/16 அங்குலம் சிறிதாக வெட்டுங்கள். தைக்கும்போது ஓரங்களைச் சேர்த்துப் பிடித்தால் லைனிங் மேல்துணியை உள்ளே இழுத்துக்கொள்ளும், வெளியே எட்டிப் பார்க்காது.

மேல்பாகம்: வரிசைதான் முக்கியம்

வெட்டியதும் கழுத்து வளைவில், தையல் கோட்டுக்கு வெளியே 1/8 அங்குலத்தில், ஒற்றைத் துணியில் ஒரு ஓட்டு ஓட்டிவிடுங்கள். தோளில் தொடங்கி நடுவில் நிறுத்தி, மறு தோளிலிருந்து மறுபடி நடுவுக்கு வாருங்கள். வளைவில் துணி மூலைவாட்டில் இருப்பதால் கையில் எடுக்க எடுக்க நீண்டுகொண்டே போகும். கழுத்து "பே" என்று திறந்து நிற்பதற்குப் பாதிக் காரணம் இந்த ஓட்டு இல்லாததுதான்.

ஊசி 11 அல்லது 14 எண், தையல் நீளம் 2.5 மில்லிமீட்டர். முதலில் மேல்துணிக்குத் தனியாக, லைனிங்குக்குத் தனியாக, தோள் தையல் மட்டும் போட்டு விரித்து இஸ்திரி போடுங்கள். பக்கத் தையலைத் தொடவே கூடாது. பிறகு இரண்டையும் நல்ல பக்கம் நல்ல பக்கத்தைப் பார்க்க வைத்து, கழுத்தைச் சுற்றித் தையுங்கள். நடுமுதுகு ஓரத்துக்கு ஒன்றரை அங்குலம் இருக்கும்போதே நிறுத்துங்கள், ஜிப்புக்கு அந்த இடம் வேண்டும். அடுத்து இரண்டு அக்குள் வளைவுகள்.

இனி தையலோர துணியைக் கால் அங்குலமாகக் குறைத்து, வளைவு நெடுக அரை அங்குலத்துக்கு ஒரு நறுக்கு, தையலைத் தொடாமல் அதன் பக்கத்தில் போய் நிற்கும்படி கொடுங்கள். நறுக்கு தைரியமாகப் போகாவிட்டால் திருப்பிய பிறகு வளைவு பல கோணங்களாக உடைந்து தெரியும். தையலைத் தொட்டுவிட்டால் இரண்டாவது சலவையில் அந்த இடம் பிரியும்.

திருப்புவது: முன்பாகத்தின் உள்ளே, மேல்துணிக்கும் லைனிங்குக்கும் நடுவில் கையை விட்டு, தோள் வழியாகப் பின்பாகத்தைப் பிடித்து முன்பக்கமாக இழுங்கள். ஒரு தோள் முடிந்ததும் மற்றது. தோள் முக்கால் அங்குலத்துக்குக் குறுகியதாக இருந்தால் கை போகாது, பின்பாகத்தின் ஓரத்தில் ஊக்கு மாட்டி அதைத் தள்ளிக்கொண்டே வாருங்கள். பக்கத் தையலை அவசரப்பட்டு முதலிலேயே போட்டவர்களுக்கு இந்த இடத்தில்தான் துணி முடிச்சாகி நிற்கும், பிரிப்பதைத் தவிர வேறு வழி கிடையாது.

திருப்பியதும் கழுத்தில் தையலோரத்தை லைனிங் பக்கம் தள்ளி, லைனிங் மேல் தையலை ஒட்டி இன்னொரு தையல் ஓட்டுங்கள். தோளுக்குக் கிட்டே மெஷின் போகாது, போன வரைக்கும் போதும்.

இப்போதுதான் பக்கத் தையல். லைனிங்கை மேலே தூக்கி விரித்து, முன் அக்குள் தையலும் பின் அக்குள் தையலும் சந்திக்கும் இடத்தில் முதல் குண்டூசியைக் குத்துங்கள். மேல்துணியின் இடுப்பில் தொடங்கி, அந்தச் சந்திப்பைத் தாண்டி, லைனிங்கின் இடுப்பு வரை ஒரே ஓட்டாகத் தையுங்கள். சந்திப்பில் 1/8 அங்குலம் பிசகினாலும் அக்குளில் படி போலத் தெரியும். பக்கத் தையலின் அரை அங்குலத்தை மட்டும் குறைக்காதீர்கள். பின்னால் கொஞ்சம் பிரித்துவிட உதவும்.

சுருக்கும் இடுப்பும்

கீழ்ப்பாகத்தின் பக்கங்களை மட்டும் இணைத்து, ஓரம் பிரியாமல் பிசிறடித்துக்கொள்ளுங்கள், நடுமுதுகு திறந்தே இருக்கட்டும். தையல் நீளத்தை 4 மில்லிமீட்டருக்கு மாற்றி, மேல்நூல் டென்ஷனைச் சற்றுத் தளர்த்தி, மேல் ஓரத்திலிருந்து 3/8 அங்குலத்தில் ஒரு வரிசை, 5/8 அங்குலத்தில் இன்னொரு வரிசை. ஒற்றை வரிசையில் சுருக்கு உருண்டு புரளும். பக்கத் தையல் வரும்போதெல்லாம் நிறுத்தி, நாலு அங்குல நூல் விட்டு வெட்டி, புதிதாகத் தொடங்குங்கள். நீளமாக ஒரே ஓட்டாக ஓட்டினால் இழுக்கும்போது அறுந்துவிடும். ஜிப் வரும் ஓரத்தில் ஒன்றரை அங்குலத்துக்குச் சுருக்கு வேண்டாம்.

மேல்பாகத்தின் முன் இடுப்பையும், கீழ்ப்பாகத்தின் முன்பக்கத்தையும் தனித்தனியே நாலாகப் பிரித்து சாக்கால் குறியிட்டு, குறிக்குக் குறி குண்டூசி குத்திய பிறகு பாபின் நூல்கள் இரண்டையும் சேர்த்து இழுங்கள். லைனிங்கை மேலே மடக்கிக் குத்தி வைத்துவிட்டு, சுருக்குப் பக்கம் கண்ணுக்குத் தெரியும்படி மேலே வைத்து, இரண்டு வரிசைக்கும் நடுவில் தையுங்கள். சுருக்கு அடியில் போனால் மடிப்புகள் ஒன்றின்மேல் ஒன்று ஏறி மாட்டிக்கொள்வது தெரியாது. கீழ் வரிசையை உருவிவிடுங்கள். தையலோரம் மேலே பார்க்கட்டும். இஸ்திரிப் பெட்டியின் முனையால் தையலோரத்தை மட்டும் தொடுங்கள், சுருக்கின் மேல் அழுத்தினால் சப்பையாகிவிடும்.

ஜிப்

ஜிப்பைத் திறந்து, சுருண்டிருக்கும் பற்களை உள்பக்கத்திலிருந்து மிதமான சூட்டில் விரித்துவிடுங்கள். சூடு கூடினால் நைலான் உருகும். ஜிப் பாதம் மாட்டி, மேல்துணியில் மட்டும் ஒரு பக்கத்தை மேலிருந்து கீழாகத் தைத்து முடியுங்கள். பிறகு ஜிப்பை மூடி, இடுப்புத் தையல் எதிர்ப்பட்டை மேல் எங்கே விழுகிறதோ அங்கே பென்சிலால் கோடு போடுங்கள். மறுபடி திறந்து, அந்தக் கோட்டை மறுபக்க இடுப்புத் தையலில் வைத்து முதல் குண்டூசி. மேலிருந்து குத்திக்கொண்டே வந்தால் இடுப்பில் ஒரு பக்கம் ஏறி, ஒரு பக்கம் இறங்கும். முதுகு முழுக்கக் கண்ணை உறுத்தும் பிசகு அது.

ஜிப் முடியும் இடத்துக்குக் கீழே நடுமுதுகைத் தைத்து மூடி, கழுத்தில் விட்ட ஒன்றரை அங்குலத்தை உள்ளே மடித்துக் கையால் தையுங்கள். லைனிங்கின் நடுமுதுகு ஓரத்தை மடித்து, பற்களிலிருந்து 1/8 அங்குலம் தள்ளி ஜிப் பட்டையில் கைத்தையல். நெருக்கி வைத்தால் ஜிப்பின் ஓட்டி லைனிங்கைக் கடிக்கும். இடுப்பில் லைனிங்கை மடித்துத் தையல்மேல் மூடி, கையால் தைத்துவிட்டால் சுருக்கின் பிசிறு பிள்ளையின் வயிற்றில் உரசாது. ஜிப் உச்சிக்கு மேலே கொக்கி. கழுத்தில் கட்டிக்கொள்ளும் கயிறு வைக்காதீர்கள். ஏழு வயதுக்குட்பட்ட பிள்ளைகளின் உடுப்பில் கழுத்துப் பகுதியில் இழுகயிறு கூடாது என்று ஐரோப்பாவின் ஈ.என். 14682 தரவிதியே சொல்கிறது.

கீழ் மடிப்பு

அரை அங்குலம் மடித்து, அதன் மேல் இரண்டரை அங்குலம் மடித்து, கையால் ஹெம்மிங். செவ்வகக் கீழ்ப்பாகம் என்பதால்தான் இவ்வளவு ஆழமான மடிப்பு சாத்தியம். அம்பிரல்லா வெட்டில் ஓரத்தின் சுற்றளவு மேலே போகப் போகக் குறைவதால் அரை அங்குலத்துக்கு மேல் மடித்தால் கொசகொசவென்று நிற்கும். அதைத் தைக்கும் முன் ஒரு நாள் தொங்கவிட்டு, மூலைவாட்டில் இறங்கிய துணியைச் சமன் செய்து வெட்டவும் வேண்டும்.

அடுத்த வருடம் மடிப்பைப் பிரித்து இறக்கினால் பழைய கோடு தெரியும். வெள்ளை வினிகரைத் தண்ணீரில் கலந்து நனைத்து, மேலே துணி போட்டு இஸ்திரி செய்தால் மடிப்புத் தடம் பெரும்பாலும் போகும். சாயம் போகுமா என்று உள்ளோரத்தில் முதலில் சோதித்துக்கொள்ளுங்கள். அடர்நிறத் துணியில் அந்தக் கோட்டில் சாயம் வெளுத்திருந்தால் எதற்கும் மசியாது, அதன் மேல் ஒரு வரிசை ரிக்ராக் (வளைந்து வளைந்து போகும் அலங்கார நாடா) அல்லது லேஸ் வைத்துத் தைத்துவிடுங்கள்.